பெரிய மோட்டார் சைக்கிள்: வாங்கும் விலையும் வைத்திருக்கும் விலையும்

யானை வாங்குவதை விட யானையைக் கட்டித் தீனி போடுவதுதான் பெரிய பாடு என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். யானை வாங்குகிறவர்கள் இன்று இல்லை. ஆனால் யானை போன்ற மோட்டார் சைக்கிள் வாங்க ஆசைப்படுகிற இளைஞர்கள் நிறையவே இருக்கிறார்கள். பரந்தனில் இருந்து முல்லைத்தீவு போகும் ஏ-35 வீதியில், முரசுமோட்டைப் பக்கம் வியாபார விடயமாகப் போய் வரும்போது இதைக் கண்கூடாகக் காண்கிறேன். அகலமான டயரும் பளபளக்கும் குரோம் குழாயுமாக ஒரு பெரிய வண்டி தேநீர்க் கடைக்கு முன்னால் வந்து நின்றால், வயலுக்குப் போகிறவரும் நின்று ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் போகிறார்.

அப்படி ஒரு வண்டியை வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் அனுப்பும் காசில் எடுப்பதா, லீசிங்கில் எடுப்பதா என்று யோசித்துக்கொண்டிருந்த ஒரு தம்பி என்னிடம் கேட்டார்: "நானா, இதை எடுத்தா நட்டப்படுவனோ?" ஆம், இல்லை என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லக்கூடிய கேள்வி அல்ல இது. விலை எப்படி உருவாகிறது, வாங்கிய பின் என்னென்ன செலவு வருகிறது என்று தெரிந்தால் அவரவரே முடிவெடுக்கலாம்.

குரூசர் என்றால் என்ன?

நமது ஊர்களில் அதிகம் ஓடும் 100, 125 சிசி வண்டிகள் வேலைக்கான வண்டிகள். உர மூட்டையும் ஏற்றலாம், வரம்பு வழியாகவும் போகலாம். குரூசர் வண்டி நீண்ட, நேரான வீதியில் களைப்பில்லாமல் போவதற்காகச் செய்யப்பட்டது. ஆசனம் தாழ்வாக இருக்கும், கால் வைக்கும் இடம் முன்னால் தள்ளி இருக்கும், ஹேண்டில் உயர்ந்திருக்கும். இரண்டு சில்லுகளுக்கும் இடையே தூரம் அதிகம். இயந்திரம் குறைந்த சுழற்சியிலேயே நல்ல இழுவை தரும்.

இந்த வகையின் தாய்வீடு அமெரிக்கா. 1903இல் மில்வோக்கி நகரில் தொடங்கிய ஹார்லி டேவிட்சன் நிறுவனமே இதற்குப் பெயர் போனது. அதன் இரண்டு சிலிண்டர்களும் 45 பாகை கோணத்தில் 'வி' எழுத்துப் போல நிற்கும். அதனால் வரும் விட்டு விட்டு அடிக்கும் சத்தம் அந்த வண்டிக்கே உரியது. 1994இல் அந்தச் சத்தத்தையே வர்த்தகச் சின்னமாகப் பதிவு செய்ய நிறுவனம் விண்ணப்பித்தது. போட்டி நிறுவனங்கள் எதிர்த்தன. வழக்காடிக் களைத்து 2000ஆம் ஆண்டில் விண்ணப்பத்தைக் கைவிட்டது. சத்தத்துக்கும் விலை உண்டு என்று அறிந்த வியாபாரிகள் அவர்கள்!

நமக்குப் பக்கத்து உதாரணம் சென்னையில் இருக்கிறது. இங்கிலாந்தின் றோயல் என்பீல்ட் நிறுவனமும் மெட்ராஸ் மோட்டோர்ஸ் நிறுவனமும் 1955இல் கூட்டுச் சேர்ந்து, திருவொற்றியூரில் புல்லட் வண்டியைச் செய்யத் தொடங்கின. இங்கிலாந்துத் தாய் நிறுவனம் பின்னர் மூடப்பட்டது. சென்னைப் பிள்ளை பிழைத்துக்கொண்டது. 1994இல் ஐஷர் நிறுவனத்துடன் இணைந்தது. 2014இல் ஒரே வருடத்தில் மூன்று இலட்சத்துக்கும் அதிகமான வண்டிகளை விற்று, எண்ணிக்கையில் ஹார்லியை முந்தியது. 2020 நவம்பரில் மீட்டியோர் 350 என்ற குரூசரை இந்திய ரூபா 1.76 இலட்சம் ஆரம்ப விலையிலும், 2023 ஜனவரியில் சுப்பர் மீட்டியோர் 650ஐ 3.49 இலட்சம் ஆரம்ப விலையிலும் வெளியிட்டது. இவை இந்தியக் காட்சியறை விலைகள்.

விலை ஏன் கூடுகிறது?

முதலாவது காரணம் பொருள். சுப்பர் மீட்டியோர் 241 கிலோ எடை. நம் ஊர் 100 சிசி வண்டிகள் இரண்டைச் சேர்த்தாலும் ஏறக்குறைய அவ்வளவுதான் வரும். ஒரு சிலிண்டருக்குப் பதிலாக இரண்டு. பிளாஸ்டிக்குக்குப் பதிலாகப் பல இடங்களில் இரும்பு. நல்ல குரோம் பூச்சு என்பது ஒரே பூச்சு அல்ல. கீழே நிக்கல் படை ஏற்றி, அதன் மேல் மெல்லிய குரோமியப் படை ஏற்ற வேண்டும். நிக்கல் படையில் மிச்சம் பிடித்தால் கடற்காற்றுப்பட்ட சில மாதங்களிலேயே துரு எட்டிப் பார்க்கும்.

இரண்டாவது காரணம் எண்ணிக்கை. இதைக் கணக்காகப் பார்த்தால்தான் விளங்கும். ஒரு பாகத்தை வார்க்கும் அச்சுக்கு 50 இலட்சம் ரூபா செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த அச்சில் ஒரு இலட்சம் பாகங்கள் செய்தால், ஒன்றின் மேல் விழும் அச்சுச் செலவு 50 ரூபா. ஆயிரம் பாகங்கள் மட்டும் செய்தால் ஒன்றின் மேல் 5,000 ரூபா விழும். பாகம் ஒன்றேதான், இரும்பும் ஒன்றேதான், விலை மட்டும் வேறு. அதிகம் ஓடாத வண்டியின் பாகம் ஏன் கைபொசுக்கும் விலை என்பதற்கு இதுவே பாதி விடை.

மூன்றாவது காரணம் வரியும் டொலரும். இறக்குமதியாகும் வாகனத்தின் மேல் வரிகள் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்படுவதில்லை. ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றப்படுகின்றன. சுங்கத் தீர்வை சேர்ந்த தொகைக்கு மேல்தான் அடுத்த வரி கணக்கிடப்படும். 2024 ஜனவரியில் 18 வீதமாக்கப்பட்ட பெறுமதி சேர் வரி, முந்திய வரிகளையும் சேர்த்த தொகையின் மேல் விழுகிறது. ஆகவே அடிவிலையில் கூடும் ஒவ்வொரு ரூபாவும் கடை வாசலுக்கு வரும்போது பருத்துப் போய்த்தான் வரும்.

டொலரின் கதையை நாம் மறக்க முடியாது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், இரண்டு மாதம் போவதற்குள் 350 ரூபாவைத் தாண்டியது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 தொடக்கத்தில்தான் தனியார் பாவனைக்குத் திறந்து விடப்பட்டது. இடையில் ஏறக்குறைய ஐந்து வருடங்கள் புதிய வண்டி வரவில்லை. கைவசம் இருந்த பழைய வண்டிகள் வாங்கிய விலையை விடக் கூடுதலாக விற்றன. அதைப் பார்த்தே பலர், "வாகனம் வாங்கினால் விலை ஏறும்" என்று இன்றும் நம்புகிறார்கள். அது தடைக்காலத்துக் கணக்கு. கதவு திறந்த பின் அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு முதல் போடக் கூடாது.

உதிரிப்பாகம் என்ற தனி வியாபாரம்

வண்டியை ஒரு முறைதான் விற்க முடியும். உதிரிப்பாகத்தைப் பத்து வருடம் விற்கலாம். பெரிய நிறுவனங்கள் இதை நன்றாக அறியும். ஹார்லி நிறுவனம் பாகங்கள், அலங்காரப் பொருட்கள், மேலங்கி, தலைக்கவசம் என்று தனியாகவே பெரும் வியாபாரம் நடத்துகிறது. குரூசர் வாங்குகிறவர் வாங்கிய கோலத்திலேயே அதை வைத்திருப்பது குறைவு. சைலன்சர் மாற்றுவார், ஆசனம் மாற்றுவார், பக்கப் பை பூட்டுவார். வண்டி வாங்கும்போது இந்தச் செலவை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

அலங்காரத்தை விடுவோம். தேய்கிற பாகங்களைப் பார்ப்போம். நம் ஊர் வண்டிகள் பெரும்பாலும் 17 அங்குலச் சில்லுகளில் ஓடுகின்றன. அந்த டயர் எந்தக் கடையிலும் தொங்கும். சுப்பர் மீட்டியோருக்கு முன்னால் 19 அங்குலம், பின்னால் 16 அங்குலம். வருடத்துக்கு ஒன்றிரண்டு விற்கும் டயரைக் கிளிநொச்சிக் கடைக்காரர் வாங்கி வைப்பாரா? வைத்தால் அவருடைய முதல் முடங்கும், ரப்பரும் இறுகும். அதனால் கொழும்புக்குச் சொல்லித்தான் எடுக்க வேண்டும். முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் தூரம். பாகத்தின் விலை ஒரு பக்கம், அது வரும் வரை வண்டி நிற்கும் நாட்கள் இன்னொரு பக்கம்.

ஹார்லி வண்டிகளில் பெரும்பாலும் சங்கிலிக்குப் பதிலாகப் பற்கள் வைத்த ரப்பர் பட்டியே பின் சில்லைச் சுழற்றும். தார் வீதியில் அது மிக நல்லது. எண்ணெய் தேவையில்லை, சத்தமில்லை. ஆனால் கிரவல் வீதியில் ஒரு கூரான கல் இடையில் மாட்டினால் பட்டி சேதமாகும். சங்கிலி என்றால் ஊர் மெக்கானிக் ஒரு இணைப்பைக் கழற்றிப் பூட்டி வீடு சேர்த்துவிடுவார். பட்டியை அப்படி ஒட்டுப்போட முடியாது.

வன்னியில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில், சில துளி பெற்றோலில் இயந்திரத்தைத் தொடக்கி மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். காபரேட்டர் வைத்த எளிய இயந்திரம் அதையும் தாங்கியது. இன்றைய பெரிய வண்டிகளில் எரிபொருளை அளந்து தெளிப்பது கணினி. கோளாறு வந்தால் திருகாணி முறுக்கிப் பார்த்துப் பயனில்லை. அதைப் படிக்கும் கருவி வேண்டும், அதைப் பிடிக்கத் தெரிந்த ஆளும் வேண்டும்.

பெற்றோலையும் மறக்க வேண்டாம். 2022இல் கியூஆர் அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குத் தொடக்கத்தில் வாரத்துக்கு 4 லீற்றர்தான். லீற்றருக்கு 60 கிலோமீற்றர் ஓடும் வண்டிக்கு அது 240 கிலோமீற்றர். லீற்றருக்கு 25 ஓடும் வண்டிக்கு 100 கிலோமீற்றர். அட்டை போய்விட்டது, விகிதம் போகவில்லை.

பாகம் வாங்கும்போது

கொழும்பில் பஞ்சிகாவத்தை, சென்னையில் புதுப்பேட்டை என்று வாகனப் பாகத்துக்குப் பெயர் பெற்ற சந்தைகள் உண்டு. அங்கே போகிறவர் நான்கு வகைச் சரக்கைப் பிரித்தறிய வேண்டும். கம்பனிப் பெட்டியில் வருவது ஒன்று. கம்பனிக்கே பாகம் செய்து கொடுப்பவர் தன் சொந்தப் பெயரில் விற்பது இரண்டு. போலி மூன்று. கழற்றிய பழைய பாகம் நான்கு. இரண்டாவது வகையில்தான் காசு மிச்சம் பிடிக்கலாம். பிரேக், டயர், கிளட்ச் ஆகியவற்றில் மூன்றாவது வகையைத் தொடவே கூடாது.

சில பாகங்களுக்கு வண்டியின் பெயரே தேவையில்லை. பேரிங்கின் விளிம்பில் இலக்கம் இருக்கும். 6203 என்றால் உலகில் எங்கும் உட்துளை 17 மில்லிமீற்றர், வெளிவிட்டம் 40 மில்லிமீற்றர். கம்பனிப் பெட்டியில் அதிக விலைக்கு வரும் அதே அளவு பேரிங்கை, நல்ல உற்பத்தியாளரின் பெயரில் இலக்கம் சொல்லி வாங்கலாம். பிளக், பற்றரி ஆகியவற்றுக்கும் இலக்கமே போதும். எண்ணெயில் மட்டும் கவனம் வேண்டும். பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் கிளட்ச் எண்ணெய்க்குள்ளேயே ஓடுகிறது. கார் எண்ணெயை ஊற்றினால் கிளட்ச் வழுக்கக்கூடும். டப்பாவில் ஜாசோ எம்ஏ என்ற தரக் குறியைப் பார்த்து வாங்குங்கள்.

வண்டி இருக்க, கம்பனி போனால்?

2007இல் இந்திய மாம்பழம் அமெரிக்காவுக்குப் போக வழி திறந்தபோது, ஹார்லி வண்டி இந்தியாவுக்கு வரவும் வழி திறந்தது. 2010இல் விற்பனை தொடங்கி, அடுத்த வருடம் ஹரியானா மாநிலம் பாவலில் பாகங்களைக் கொண்டுவந்து பூட்டும் ஆலையும் அமைந்தது. பத்து வருடம் முயன்றும் விற்பனை ஆண்டுக்குச் சில ஆயிரத்தைத் தாண்டவில்லை. 2020 செப்டெம்பரில் ஆலையை மூடுவதாக நிறுவனம் அறிவித்தது. இலட்சக்கணக்கில் கொடுத்து வண்டி எடுத்தவர்களின் முதல் கேள்வி, "இனிப் பாகத்துக்கு எங்கே போவது?" என்பதுதான். அடுத்த மாதமே ஹீரோ மோட்டோகோர்ப் நிறுவனம் விற்பனையையும் சேவையையும் ஏற்க உடன்பட்டதால் தப்பினார்கள். 2023 ஜூலையில் இரு நிறுவனங்களும் சேர்ந்து எக்ஸ் 440 என்ற வண்டியை 2.29 இலட்சம் இந்திய ரூபாவில் இருந்து விற்கத் தொடங்கின.

இந்தியா போன்ற பெரிய சந்தையிலேயே இந்த நிலை வந்தது. நம் நாட்டில் முகவர் ஒருவர் கைவிட்டால் வாங்கியவர் என்ன செய்வார் என்று முன்கூட்டியே யோசிக்க வேண்டும்.

தவணையும் அறுவடையும்

முரசுமோட்டைத் தம்பிக்கு நான் முக்கியமாகச் சொன்னது இதைத்தான். இரணைமடுத் தண்ணீரை நம்பிய குடும்பத்துக்குக் காசு வருவது காலபோக அறுவடையிலும், தண்ணீர் இருந்தால் சிறுபோகத்திலும். லீசிங் தவணை அறுவடை பார்த்து வருவதில்லை, மாதம் பார்த்து வருகிறது. மாதத் தவணை 40,000 ரூபா என்று வைத்தால், ஒரு போகத்துக்கும் மறு போகத்துக்கும் இடையில் 240,000 ரூபா வேண்டும். மழை பிந்தினாலும் நெல் விலை விழுந்தாலும் அந்தத் தொகை குறையாது. தவணை முடியும் வரை பதிவுப் புத்தகத்தில் உரிமையாளர் நிதி நிறுவனமே. இரண்டு மூன்று தவணை தவறினால் வண்டியும் போகும், கட்டிய காசும் போகும். வட்டி வேண்டாம் என்று கொள்கையாக ஒதுங்குகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. அவர்கள் சேர்த்து வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆசைப்படுவது தவறு என்று நான் சொல்லவில்லை. உழைத்துச் சேர்த்த காசில், குடும்பத்தின் தேவைகள் முடிந்த பின், ஒருவர் விருப்பமான வண்டியில் ஏறிப் போனால் அதைப் பார்த்துச் சந்தோசப்படத்தான் வேண்டும். வாங்குமுன் நான்கு காரியம் செய்யுங்கள். இரண்டு டயர், பிரேக் கட்டை, கிளட்ச் தொகுதி, சங்கிலி ஆகியவற்றின் விலையைக் கடையில் எழுத்தில் வாங்குங்கள். முழுக் காப்புறுதிக்கு வருடம் எவ்வளவு என்று கேளுங்கள். அந்த வண்டியைத் திருத்தத் தெரிந்தவர் எத்தனை கிலோமீற்றரில் இருக்கிறார் என்று விசாரியுங்கள். அதே வகையில் ஐந்து வருடம் ஓடிய வண்டி இன்று என்ன விலைக்குப் போகிறது என்று பாருங்கள். நான்கையும் ஒரு தாளில் கூட்டிப் பார்த்து, அந்தத் தொகையை நிலம் விற்காமல், நகை அடகு வைக்காமல் தாங்க முடியும் என்றால் வாங்குங்கள்.

அந்தத் தம்பி இன்னும் வண்டி எடுக்கவில்லை. டயரின் விலை கேட்டு வரப் போயிருக்கிறார்.