பிறந்தநாள் ஜாதகத்தில் குழப்பம்! ஒரே ஆளுக்கு லாபமும் வருது, நஷ்டமும் வருது!

"இந்த வருஷம் நமக்கு எப்படிங்க?"

பிறந்தநாள் நெருங்கினால் ஜாதக நோட்டைத் தூக்கிக்கொண்டு ஜோதிடரிடம் ஓடுகிறவர்கள் நம்மில் ஏராளம். பக்கத்துக் கடையையும் சேர்த்துப் பிடிக்கலாமா? மாறுதல் கேட்டு மனுப் போடலாமா? கடன் வாங்கலாமா? எல்லாவற்றுக்கும் அங்கேதான் தீர்ப்பு!

இவர்களுக்கென்றே ஒரு கணக்கு இருக்கிறது. 'வருஷ பலன்' என்பார்கள். 'வர்ஷபல ஜாதகம்' என்றும் சொல்வதுண்டு. பத்திரிகையில் வரும் ராசிபலன் வேறு, இது வேறு. ராசிபலன் லட்சக்கணக்கான பேருக்குப் பொது. வருஷ ஜாதகம் தனி ஆளுக்கு, ஒரே ஒரு வருஷத்துக்கு மட்டும் போடுவது.

அதில்தான் இருக்கிறது சங்கதி.

எந்த நிமிஷம்?

நீங்கள் பிறந்தபோது சூரியன் ஒரு ராசியில், ஒரு பாகையில், ஒரு கலையில் இருந்தது அல்லவா? அதே இடத்துக்குச் சூரியன் திரும்பி வரும் நிமிஷம்தான் ஜோதிடத்தில் புது வருஷப் பிறப்பு. அந்த நிமிஷத்துக்கு லக்னம் குறித்து, புதிதாக ஒரு கட்டம் போடுகிறார்கள்.

இது நட்சத்திரப் பிறந்தநாள் அல்ல. கேக் வெட்டும் இங்கிலீஷ் தேதியும் அல்ல. தமிழ் மாதத் தேதியை ஒட்டி வரும். ஆனால் மணி மட்டும் வருஷா வருஷம் 6 மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகத் தள்ளிப் போகும். போன வருஷம் காலையில் பிறந்த வருஷம், இந்த வருஷம் மத்தியானம் பிறக்கும்!

இந்த முறைக்குப் பெயர் தாஜிகம். அரபு, பாரசீக நாடுகளிலிருந்து வந்த சரக்கு. காசியில் நீலகண்டர் என்ற பண்டிதர் 1587-ல் எழுதிய 'தாஜிக நீலகண்டி'தான் இன்றைக்கும் பெரிய ஆதாரம். பெங்களூர் பி.வி. ராமன் இதைப் பற்றி இங்கிலீஷில் தனிப் புத்தகமே போட்டார்.

முந்தா என்றால்?

வருஷ ஜாதகத்தில் முதலில் பார்ப்பது 'முந்தா'. இது கிரகம் அல்ல, ஒரு புள்ளி. பிறந்த லக்னத்தில் கிளம்பி, வருஷத்துக்கு ஒரு ராசி நகரும். 12 வருஷம் முடிந்தால் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடும். அறுபதாம் கல்யாணம் செய்துகொள்கிறவருக்கு 60 முடியும்போது முந்தா மறுபடி ஜென்ம லக்னத்தில் நிற்கும்.

கணக்கு சுலபம். முடிந்த வயதை 12-ஆல் வகுத்து, மிச்சத்தை ஜென்ம லக்னத்திலிருந்து தள்ளி எண்ணவேண்டும். நடக்கிற வயதைப் போட்டால் ஒரு ராசி தவறும். உஷார்!

வருஷ லக்னத்துக்கு 9, 10, 11-ல் முந்தா இருந்தால் அமோகம். 1, 2, 3, 5-ல் நல்லது. 4, 6, 7, 8, 12-ல் இருந்தால் ஜோதிடர் உதட்டைப் பிதுக்குவார்.

அடுத்தது வருஷேசன். அதாவது அந்த வருஷத்துக்கு ராஜா. முந்தா இருக்கும் ராசிக்கு அதிபதி, ஜென்ம லக்னாதிபதி, வருஷ லக்னாதிபதி என்று மொத்தம் ஐந்து பேர் போட்டியிடுவார்கள். பலம் அதிகமாக இருந்து, வருஷ லக்னத்தையும் பார்க்கிறவருக்குப் பதவி. எலெக்‌ஷன் மாதிரிதான்!

பிறகு கிரகச் சேர்க்கை. வேகமான கிரகம் பின்னால் வந்து மெதுவான கிரகத்தை நெருங்கினால் 'இத்தசாலம்': காரியம் கூடும். தாண்டிப் போய்விட்டால் 'ஈசராபம்': நழுவிப் போச்சு. ஸ்டாப்பிங்குக்கு வருகிற பஸ்ஸுக்கும், கிளம்பிப் போன பஸ்ஸுக்கும் உள்ள வித்தியாசம் வாசகர்களுக்குச் சொல்லவா வேண்டும்?

எந்த மாதம் எப்படி என்பதற்கு 'முத்தா தசை' உண்டு. (முந்தா வேறு, முத்தா வேறு. குழம்ப வேண்டாம்.) 120 வருஷ தசையை 360 நாளாகச் சுருக்கியது. சூரியனுக்கு 18 நாள், ராகுவுக்கு 54, சனிக்கு 57, சுக்கிரனுக்கு 60 என்று பங்கு.

ஆள் ஒன்று, பலன் ரெண்டு

இனிமேல்தான் வேடிக்கை. பேச்சுக்கு ஒரு கடைக்காரரை எடுத்துக்கொள்வோம். 1984 ஜூன் 20, புதன்கிழமை, காலை 6.30-க்குச் சென்னையில் பிறந்தவர். மிதுன லக்னம். 2025 ஜூன் 20-ல் 41 வயது முடிந்தது. 41-ஐ 12-ஆல் வகுத்தால் மிச்சம் 5. முந்தா விருச்சிகத்தில். இதுவரை தகராறு இல்லை.

பக்கத்துக் கடை காலி ஆகிறது. அட்வான்ஸ் கொடுக்கலாமா என்று முதல் ஜோதிடரிடம் போகிறார்.

இவர் இந்தக் காலத்துக் கணக்குப் போடுகிறவர். சூரியன் ஒரு சுற்று வர 365 நாள் 6 மணி 9 நிமிஷம் 10 விநாடி. அதன்படி வருஷம் பிறந்தது வெள்ளிக்கிழமை சாயங்காலம் சுமார் 6.46. லக்னம் தனுசு. தனுசுக்கு விருச்சிகம் 12-ம் இடம். "விரயம் சார்! பணத்தை வெளியே எடுக்காதீங்க!"

மனசு கேட்குமா? இன்னொருவரிடம் போகிறார். இவர் வைத்திருப்பது சூரிய சித்தாந்தப்படி போட்ட பழைய அட்டவணை. அதில் வருஷத்துக்கு 365 நாள் 6 மணி 12 நிமிஷம் 36 விநாடி. வித்தியாசம் மூன்றரை நிமிஷம்கூட இல்லை. ஆனால் 41 வருஷம் சேர்ந்தால் 2 மணி 21 நிமிஷம்! வருஷம் பிறந்தது ராத்திரி 9.07. லக்னம் மகரம். விருச்சிகம் 11-ம் இடம். "லாபஸ்தானம்! கண்ணை மூடிக்கிட்டு அட்வான்ஸ் கொடுங்க!"

யார் பேச்சைக் கேட்பது? இரண்டு பேரும் மோசடிக்காரர்கள் அல்ல. இரண்டு பேரும் தப்பாகக் கூட்டவும் இல்லை. வருஷத்தின் நீளமே இரண்டு பேருக்கும் வேறு.

முந்தாவை மட்டும் வைத்து முடிவு சொல்லக் கூடாது, வருஷேசனையும் பார்க்கவேண்டும் என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். வாஸ்தவம். ஆனால் லக்னம் மாறினால் லக்னாதிபதி மாறுவார், பார்வை மாறும், ராஜா தேர்தலே தலைகீழாகும்!

இந்தச் சண்டை புதிதல்ல. திருக்கணிதப்படி சனிப்பெயர்ச்சி 2025 மார்ச் 29-ல் முடிந்துவிட்டது. வாக்கியப்படி 2026-ல்தான் என்று திருநள்ளாறு கோவில் தரப்பில் அறிவித்தார்கள். சனி ஒன்றுதான்! வானத்தில் தெரிவதோடு ஒத்துப்போவது திருக்கணிதம். சூரியன் திரும்பும் நேரத்துக்கும் இன்றைய கணக்குதான் சரி. அதற்காகப் பலன் பலித்துவிடும் என்று அர்த்தமில்லை. கிரகம் கடையை நடத்துகிறது என்பதற்கு விஞ்ஞானத்தில் ஆதாரம் கிடையாது.

அம்மா சொன்ன நேரம்

இன்னொரு வம்பு. "பால்காரர் வர்ற நேரம், ஆறு ஆறரை இருக்கும்" என்று அம்மா சொன்ன நேரத்தை வைத்துத்தான் பலபேர் ஜாதகம் ஓடுகிறது. பிறந்த நேரத்தில் அரை மணி தவறினால் வருஷம் பிறக்கும் நேரமும் அதே அரை மணி தவறும். லக்னம் சராசரியாக 4 நிமிஷத்துக்கு ஒரு பாகை ஓடுகிறது. அரை மணிக்கு ஏழரை பாகை! ஓரத்தில் நிற்கிற லக்னமாக இருந்தால் அடுத்த ராசிக்கே போய்விடும்.

ஆகவே பணம் கட்டுமுன் கேளுங்கள். வருஷத்துக்கு எத்தனை நாள் எத்தனை மணி வைத்துக் கணக்குப் போடுகிறீர்கள்? நேரம் அரை மணி முன்பின் ஆனால் லக்னம் மாறுமா? இதற்குப் பதில் சொல்லாமல், "தோஷம் இருக்கு, பரிகாரம் பண்ணணும்" என்று எஸ்டிமேட் போடுகிறவரிடம் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம். கம்ப்யூட்டர் ஜாதகம் என்றாலும் இதே கேள்விதான். உள்ளே எந்தக் கணக்கைப் போட்டு வைத்திருக்கிறார்களோ அதைத்தான் அது கக்கும்.

வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள் மூன்றாவதாக ஒன்றும் கேட்கவேண்டும்: கட்டம் பிறந்த ஊருக்கா, இருக்கிற ஊருக்கா? இதிலும் ஜோதிடர்கள் இரண்டு கட்சி. நம்ம கடைக்காரர் துபாயில் இருந்திருந்தால், இந்தக் காலத்துக் கணக்கிலேயே அந்த நிமிஷத்துக்கு அங்கே லக்னம் விருச்சிகம். முந்தா முதல் வீட்டில்!