முதுகில் ஓர் எஞ்சின் – 7: இடியாப்ப அச்சில் பிறந்த கல்

வாங்கிவிட்டேன். டொயோட்டா எம்ஆர்2, மூன்றாம் தலைமுறை, 2001ஆம் ஆண்டு வண்டி, சிவப்பு. ஆறு வாரமாகக் கூடவே வருகிறவர்களுக்கு இதற்கு மேல் முன்கதை வேண்டாம். புதிதாக வருகிறவர்கள் பக்கத்து வீட்டில் பழைய இதழ்களைக் கடன் வாங்கிக்கொள்ளவும்.

இந்த வாரம் எஞ்சின் மாற்றும் படலம் என்று சொல்லியிருந்தேன். எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் செவ்வாய்க்கிழமை இரவிலிருந்து என் மேசைமேல் ஒரு கல் கிடக்கிறது. கட்டைவிரல் அளவு, நைந்த பிஸ்கட் நிறம், ஊசி நுழைகிற மாதிரி சதுரச் சதுரமாக ஓட்டைகள். ஆசிரியர் இரண்டு முறை போன் செய்துவிட்டார். எஞ்சினைப் பற்றி ஒரு வரிகூட வரவில்லை. சரி, கல்லைப் பற்றியே எழுதிவிடுகிறேன்.

கதை நான் பார்க்கப் போன இரண்டு எம்ஆர்2 வண்டிகளில் தொடங்குகிறது. முதல் வண்டி லூட்டன் பக்கம். அகலமான வீல்கள், தரையோடு தரையாகத் தாழ்த்திய உடம்பு, பின்னால் டிபன் கேரியர் வாய் அளவுக்கு சைலன்சர். பார்த்ததும் எனக்கு வாயில் ஈ போனது தெரியவில்லை. ஹாரோவில் வொர்க்‌ஷாப் வைத்திருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணை என்னோடு வந்திருந்தார். அவர் வீலைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"தம்பி, வெளியால பாக்க வடிவாத்தான் இருக்கு. உள்ளுக்க என்ன கிடக்குதெண்டு பாப்பம்" என்றார். விற்கிறவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, பின்பக்கத்து வெப்பத் தடுப்புத் தகட்டைக் கழற்றினார். அடுத்து, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் இருக்கிற ஆக்சிஜன் சென்சார்களை வெளியே எடுத்தார். அந்த ஓட்டை வழியாக டார்ச் அடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "பாரும்."

பார்த்தேன். தேன்கூடு மாதிரி இருக்க வேண்டும் என்று வரும்போதே சொல்லியிருந்தார். எனக்குத் தெரிந்தது எலி கடித்த தேன்கூடு. ஒரு ஓரம் அப்படியே குழிந்து, பாதி காணாமல் போயிருந்தது. காணாமல் போன பாதி எங்கே போயிருக்கும்? கீழே போயிருக்கும், சைலன்சர் வழியாக ரோட்டுக்குப் போயிருக்கும் என்றுதான் நான் நினைத்தேன். அண்ணை எஞ்சினை விரலால் தட்டிக் காட்டினார். "கொஞ்சத்தை உவர் விழுங்கிப்போட்டார்."

வீட்டுக்கு வந்து மூன்று நாள் இதையே படித்தேன். ஓர் எஞ்சின் தன் புகைக்குழாயில் இருப்பதை எப்படி விழுங்கும்? விடுகிற மூச்சு அந்த வழி, இழுக்கிற மூச்சு வேறு வழி என்றுதானே பாடம். அந்தப் பாடம் முக்கால்வாசிதான் சரி. புகை வெளியேறும் வால்வு மூடி முடிவதற்கு முன்பே காற்று நுழையும் வால்வு திறக்கத் தொடங்கிவிடும். ஒரு கண் இமைப்பில் நூறில் ஒரு பங்கு இரண்டும் திறந்திருக்கும். அந்த நேரத்தில் வெளியே போன புகை கொஞ்சம் திரும்பி உள்ளே வரும். எம்ஆர்2இல் இருக்கும் 1.8 லிட்டர் 1இசட்இசட் எஞ்சினோ வால்வு நேரத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் வகை. நிதானமாக ஓட்டும்போது இந்த இரட்டைத் திறப்பை வேண்டுமென்றே நீட்டும், எரிபொருளும் மிச்சம், நச்சுப் புகையும் குறைவு என்று. நல்ல எண்ணம்தான்.

இன்னொரு நல்ல எண்ணமும் சேர்ந்துகொண்டது. புகையைச் சுத்தம் செய்யும் கேடலிட்டிக் கன்வெர்ட்டர் சூடேறினால்தான் வேலை செய்யும், சுமார் 300 டிகிரி வேண்டும். காலையில் வண்டியைக் கிளப்பிய முதல் நிமிடத்தில்தான் அழுக்கு அதிகம் போகிறது, அப்போது கன்வெர்ட்டர் குளிரில் தூங்கிக்கொண்டிருக்கும். அதனால் பெரிய கன்வெர்ட்டருக்கு முன்னால், எஞ்சின் வாயை ஒட்டியே, மேனிஃபோல்டுக்குள் இரண்டு சின்னக் கன்வெர்ட்டர்களை வைத்தார்கள். நான் டார்ச் வெளிச்சத்தில் பார்த்த தேன்கூடு அதன் உள்பக்கம்தான். அடுப்புக்குப் பக்கத்தில் இருப்பதால் சீக்கிரம் சூடாகும். ஆனால் அது நொறுங்கினால் தூளும் அடுப்புக்குப் பக்கத்தில்தான் இருக்கும். திரும்பி வருகிற புகை அந்தத் தூளையும் கூட்டிக்கொண்டு வரும். சிலிண்டர் சுவர் கீறும், பிஸ்டன் வளையம் தேயும், எஞ்சின் ஆயில் குடிக்கும், எரிந்த ஆயில் மிச்சமிருக்கும் தேன்கூட்டையும் கெடுக்கும்.

ஆயில் குடித்ததால் தேன்கூடு நொறுங்கியதா, தேன்கூடு நொறுங்கியதால் ஆயில் குடித்ததா என்று எம்ஆர்2 வைத்திருப்பவர்கள் இருபது வருடமாகச் சண்டை போடுகிறார்கள். ஆரம்பகால 1இசட்இசட் பிஸ்டன்களில் ஆயில் வடியும் துளைகள் சிறியவை, அடைத்துக்கொண்டால் ஆயில் மேலே ஏறும் என்பது தெரிந்த விஷயம். டொயோட்டாவே பிற்பாடு பிஸ்டனை மாற்றியது. எனவே பிஸ்டன்தான் முதல் குற்றவாளி என்பது அண்ணையின் கட்சி. நானும் அந்தப் பக்கம்தான் சாய்கிறேன். ஆனால் கட்சி எதுவானாலும் டார்ச் அடித்துப் பார்க்காமல் இந்த வண்டியை வாங்கக் கூடாது.

இரண்டாவது வண்டி பெட்ஃபர்டில். மடக்குக் கூரையின் கறுப்பு வெளுத்து, பம்பரில் கீறல், எந்த மாற்றமும் செய்யாத கன்னி வண்டி. பிரிட்டனில் மூன்று வயது தாண்டிய கார் ஒவ்வோர் ஆண்டும் எம்ஓடி என்ற சோதனையில் தேற வேண்டும். தேறியதா, எவ்வளவு ஓடியிருந்தது, எந்தக் குழாய் துரு என்பதெல்லாம் அரசாங்கப் பதிவில் இருக்கிறது. வண்டி எண்ணைக் கொடுத்தால் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். ஜாதகம் பார்த்துப் பெண் எடுக்கிற நாட்டில்கூட இவ்வளவு ஒளிவுமறைவு இல்லாத ஜாதகம் கிடைக்காது. தசா புத்தி நன்றாகவே இருந்தது. வருடா வருடம் துரு, துரு என்று மட்டும் எழுதியிருந்தார்கள். குளிர்காலத்தில் ரோட்டில் உப்பு கொட்டுகிற ஊரில் அது பெரிய தோஷமில்லை. சென்சாரைக் கழற்றி டார்ச் அடித்தோம். தேன்கூடு முழுசாக, வரிசை பிசகாமல் இருந்தது. அங்கேயே கை குலுக்கிவிட்டேன்.

இப்போது கல்லுக்கு வருகிறேன். மேசைமேல் கிடப்பது அந்தத் தேன்கூட்டில் ஒரு துண்டுதான். இப்படிப்பட்ட தேன்கூடுகளைப் பெரும்பாலும் கார்டியரைட் என்ற பீங்கானில் செய்கிறார்கள். அமெரிக்காவில் 1970இல் தூய காற்றுச் சட்டம் கடுமையானபோது, நியூயார்க் மாநிலத்துக் கார்னிங் என்ற கண்ணாடி நிறுவனத்தில் மூன்று பேர் இந்தத் தேன்கூட்டைக் கண்டுபிடித்தார்கள்: ராட்னி பேக்லி, இர்வின் லாக்மன், ரொனால்ட் லூயிஸ். வெண்களிமண், மாக்கல் பொடி, அலுமினா மூன்றையும் மாவாகப் பிசைந்து, அச்சில் வைத்துப் பிழிந்து, சுட்டு எடுப்பது. பாட்டி புளிக்குழம்பு வைத்த கல்சட்டியும் இந்த மாக்கல் வம்சம்தான். பேக்லி செய்தது அந்த அச்சு. நம் இடியாப்ப அச்சில் ஓட்டை வழியாக மாவு இழையாக இறங்கும். பேக்லியின் அச்சில் மாவு இறங்குவது கோட்டுக் கோடான பிளவு வழியாக, அதனால் ஓட்டைகள் ஓட்டைகளாகவே மிஞ்சும், சுவர்தான் மாவு. ஒரு சதுர அங்குலத்தில் 400 ஓட்டைகள் சாதாரணம்.

மீதி இரண்டு பேர் கண்டதுதான் என்னைத் தூங்கவிடாத விஷயம். வெண்களிமண்ணின் நுண்துகள்கள் தட்டுத் தட்டாக இருக்கும். பிளவு வழியாக நெருக்கிப் பிழியும்போது அந்தத் தட்டுகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து, சுவரோடு சுவராகப் படுத்துக்கொள்கின்றன. சுட்ட பிறகு படிகங்களும் அதே ஒழுங்கில் அமைகின்றன. சூட்டில் விரிவதும் குளிரில் சுருங்குவதும் மிகமிகக் குறைந்துவிடுகிறது. அதனால்தான் பனிக்காலக் காலையில் கிளப்பிய சில நிமிடத்தில் நெருப்பாகக் கொதித்தாலும் அது வெடிக்காமல் நிற்கிறது. பிழிகிற கையே மாவின் குணத்தை மாற்றிவிடுகிறது. அண்ணையிடம் இதைச் சொன்னேன். "எங்கட இடியப்ப உரலும் இதைத்தான் செய்யுதோ?" என்று கேட்டார். பதில் தெரியவில்லை.

இன்னும் முடியவில்லை. கார்டியரைட் மண்ணுக்குள் தானாகவும் விளைகிறது. நெப்போலியனோடு எகிப்துக்குப் போன பிரெஞ்சு நிலவியலாளர் கார்டியேயின் பெயர்தான் அதற்கு. தெளிவாக, நீல ஊதாவாகக் கிடைத்தால் அதே கனிமத்துக்கு நகைக்கடையில் ஐயோலைட் என்று பெயர். ஒரு பக்கம் திருப்பினால் ஊதா, இன்னொரு பக்கம் திருப்பினால் தண்ணீர் மாதிரி வெளுப்பு. இரத்தினபுரிச் சரளையில் கிடைக்கிறது, கரூர்–காங்கேயம் பக்கத்திலும் கிடைக்கிறது. ஊரில் மோதிரத்தில் உட்கார வேண்டியது இங்கே என் மேனிஃபோல்டில் உட்கார்ந்து கரி பூசிக்கொண்டிருந்தது. இரத்தினமாக இருக்கும்போது அதன் கடினம் படிகக்கல்லுக்குச் சமம். சிலிண்டர் சுவரை ஏன் கீறுகிறது என்று இப்போது புரிந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமை அந்த நல்ல தேன்கூட்டை நாங்களே கழற்றிப் போட்டோம். எது முழுசாக இருக்கிறதென்று பார்த்து வண்டி வாங்கினேனோ, அதைத்தான் முதல் வேலையாகக் குப்பையில் போட்டேன். வீட்டில் இதை விளக்க முடியவில்லை. இன்றைக்கு முழுசாக இருப்பது அடுத்த குளிர்காலத்தில் எப்படி இருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது, நொறுங்கத் தொடங்கினால் தெரியவரும்போது எஞ்சின் போயிருக்கும். உள்ளே கம்பி விட்டு உடைத்தெடுக்கும் வழி ஒன்று உண்டு, செலவில்லாதது. ஒரு துகள் ஒட்டிக்கொண்டிருந்தால் எதற்குப் பயந்தோமோ அதை நாமே செய்ததாகும். நான் தேன்கூடு இல்லாத ஸ்டெயின்லெஸ் மேனிஃபோல்ட் வாங்கி மாட்டினேன். துருப்பிடித்த நட்டுகளோடு அரை நாள் போராட்டம், ஒன்று உடைந்தே வந்தது. பின்னால் பெரிய கன்வெர்ட்டர் அப்படியே இருக்கிறது, எம்ஓடியின் புகைச் சோதனைக்கு அது இருந்தே ஆக வேண்டும். காலை முதல் நிமிடத்தில் என் தெருவுக்கு முன்பைவிடக் கொஞ்சம் அழுக்குப் போகிறது. அதை மறைத்து எழுத மனம் வரவில்லை.

இங்கே ஒரு நட்டை மாற்றினாலும் இன்சூரன்ஸ்காரரிடம் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் விபத்து நாளில் பாலிசி வெறும் காகிதம். போனில் வந்த பெண் பொறுமையாகக் கேட்டார். "இதனால் வேகம் கூடுமா?" கூடாது. "அழகு கூடுமா?" வெளியே தெரியாது. "பிறகு எதற்கு?" கார்டியேயிலிருந்து ஆரம்பித்தேன். நான்காவது நிமிடத்தில் "பிற மாற்றங்கள் என்று போட்டுக்கொள்கிறேன்" என்றார்.

ஓட்டுகிற சுகத்தைப் பற்றி இந்த வாரம் எழுதப்போவதில்லை. மூன்றாம் வாரத்தில் காவடி உவமை சொன்னதற்கு, நீங்கள் எப்போதாவது காவடி எடுத்ததுண்டா என்று ஒரு வாசகர் கேட்டுவிட்டார். ஒன்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். புது மேனிஃபோல்டோடு திரும்பி வரும்போது காதுக்குப் பின்னால் வந்த உறுமலில் நரேன் கார்த்திகேயன் ஞாபகம் வந்தது. 2005இல் கோவைக்காரர் ஓட்டிய ஜோர்டான் ஃபார்முலா 1 காரில் முதுகுக்குப் பின்னால் இருந்ததும் டொயோட்டா எஞ்சின்தான். பத்து சிலிண்டர். டயர் தகராறில் ஆறே கார்கள் ஓடிய அமெரிக்கப் பந்தயத்தில் அவர் நான்காவதாக வந்து ஐந்து புள்ளி எடுத்தார். மற்றவர்கள் ஓடாததற்கு அவர் என்ன செய்வார்? எனக்கு நான்கு சிலிண்டர், 138 குதிரை, பக்கத்து சீட்டில் பெல்ட் போட்ட பத்துக் கிலோ பொன்னி அரிசி. இந்த வண்டியில் அதை வைக்க வேறு இடமில்லை.

எஞ்சின் மாற்றம் அடுத்த வாரம், சத்தியமாக. யமஹாவோடு சேர்ந்து டொயோட்டா செய்த 2இசட்இசட், சுமார் 190 குதிரை, 2004இல் லோட்டஸ் தன் எலீஸுக்கு வாங்கிப் போட்டுக்கொண்டது. எம்ஆர்2வுக்குள் ஏறக்குறைய அப்படியே உட்காரும், வயரிங்தான் உயிரை எடுக்கும். அதே எஞ்சினோடு, பின்பக்கம் நசுங்கிய டொயோட்டா செலிகா ஒன்றை அண்ணை பார்த்து வைத்திருக்கிறார். அதில் எஞ்சின் முன்பக்கம், அது முழுசாக இருக்கிறதாம்.

நேற்று மாலை வீட்டுக்கு வந்த அண்ணை மேசையைப் பார்த்தார். "உதை ஏன் தம்பி இன்னும் வச்சிருக்கிறீர்?" சன்னல் வெளிச்சத்தில் கல்லைத் திருப்பித் திருப்பிக் காட்டினேன். எந்தப் பக்கமும் நீலம் வரவில்லை. "கழுவிப் பாரும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை செலிகாவைப் பார்க்கப் போகிறோம். டார்ச்சுக்குப் புது பேட்டரி போட்டுவிட்டேன்.

(தொடரும்)