இணைய வாசலில் ஒரு மதகு

பொங்கல் விடுமுறை முடிந்து, திருச்சியிலிருந்தோ ஸ்ரீரங்கத்திலிருந்தோ மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் சென்னை திரும்ப வேண்டியவர்களுக்குத் தட்கல் முன்பதிவு நேரம் எப்படிப்பட்டது என்று சொல்லத் தேவையில்லை. குளிர்சாதன வகுப்புகளுக்குக் காலை 10 மணி. மற்றவற்றுக்கு 11 மணி. மணி அடித்ததும் பொத்தானை அழுத்துகிறீர்கள். பெயரும் வயதும் நிரப்பி முடிப்பதற்குள் இடங்கள் தீர்ந்துவிடுகின்றன. நம்மை முந்திக்கொண்டவர் யார்? அவர் மனிதராகவே இல்லாமல் இருந்திருக்கலாம். தட்கல் திறந்த முதல் ஐந்து நிமிடங்களில், உள்ளே நுழைய நடக்கும் முயற்சிகளில் பாதிவரைகூடத் தானியங்கி நிரல்களின் வேலை என்று இரயில்வே அமைச்சகமே 2025 ஜூனில் தெரிவித்தது.

இத்தகைய நிரல்களை எப்படித் தடுப்பது? தடுக்கும்போது உண்மையான பயணியும் சேர்ந்து அடிபடாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது? இவ்விரு கேள்விகளில் இரண்டாவதுதான் கடினமானது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

இணையதளம் என்பது எங்கோ ஓர் அறையில் இயங்கும் சர்வர் என்னும் கணிப்பொறிதான். நீங்கள் ஒரு பக்கத்தைத் திறக்கும்போது உங்கள் செல்பேசி அதற்குக் கோரிக்கை அனுப்புகிறது. எழுத்துக்கு ஒன்று, படத்துக்கு ஒன்று என்று ஒரே பக்கத்துக்கு நாற்பது, ஐம்பது கோரிக்கைகள் போவதும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் சர்வர் சிறிது உழைத்தாக வேண்டும். ஆகவே, சர்வருக்கு முன்னால் ஒரு காவலை வைக்கிறார்கள். 'வெப் அப்ளிகேஷன் ஃபயர்வால்' என்பது அதன் பெயர். இணையச் செயலிக்கான தடுப்புச் சுவர் எனலாம். வரும் கோரிக்கைகளைப் பிரித்துப் பார்த்து, தீங்கானவற்றைத் தள்ளுவது இதன் பணி. இதற்குரிய பல விதிகளுள் ஒன்றே வேக வரம்பு. இன்னாரிடமிருந்து, இவ்வளவு நேரத்துக்குள், இத்தனை கோரிக்கைகளுக்கு மேல் ஏற்பதில்லை என்பதே அவ்விதி.

திருச்சி வட்டாரத்து வாசகர்களுக்கு இதை விளக்க முக்கொம்பைவிடச் சிறந்த உவமை கிடையாது. மேற்கேயிருந்து வரும் காவிரி அங்கே இரண்டாகப் பிரிகிறது. காவிரிக் கிளை தாங்கக் கூடிய நீரை மட்டும் அதில் விட்டு, வெள்ள மிகுதியைக் கொள்ளிடத்தில் திருப்பிவிடுகிறார்கள். 1830-களில் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணை இருந்த இடம் அதுதான். சர்வர் காவிரிக் கிளை போன்றது. வேக வரம்பு அதன் தலைமதகு. வேறுபாடு ஒன்று உண்டு. நீருக்கு முகம் கிடையாது. எந்தத் துளி எவருடையது என்று மதகு கேட்பதில்லை. இணைய மதகோ ஒவ்வொரு கோரிக்கையையும் 'நீ யாருடையது?' என்று கேட்டு, ஆள்வாரியாகக் கணக்கு வைக்க வேண்டும்.

எண்ணும் முறை

முதலில் எளிய முறையைப் பார்ப்போம். நிமிடத்துக்கு 100 கோரிக்கை என்று வரம்பு வைத்து, ஒவ்வொரு நிமிடம் பிறக்கும்போதும் கணக்கைச் சுழியிலிருந்து தொடங்குகிறோம். சரியாகத்தான் தோன்றுகிறது. ஆனால் ஒரு நிரல் 10 மணி 0 நிமிடம் 59-ஆவது வினாடியில் 100 கோரிக்கைகளையும், அடுத்த வினாடியில் இன்னொரு 100-ஐயும் அனுப்பினால்? இரண்டும் வெவ்வேறு நிமிடங்களைச் சேர்ந்தவை. விதியை மீறாமலேயே இரண்டு வினாடிகளில் 200 கோரிக்கைகள் உள்ளே போய்விட்டன!

இந்த ஓட்டையை அடைக்க, கால அளவை நகரவிடுகிறார்கள். சென்ற நிமிடத்தில் 80, இந்த நிமிடத்தில் 15 வினாடிகள் கழிந்த நிலையில் 30 கோரிக்கைகள் என்று கொள்வோம். கடைசி 60 வினாடிகளில் 45 வினாடி சென்ற நிமிடத்தைச் சேர்ந்தது. எனவே 80-இல் முக்கால் பங்கு, அதாவது 60. அதனுடன் 30 சேர்த்தால் 90. வரம்புக்குள்தான் இருக்கிறது, விட்டுவிடலாம். சென்ற நிமிடம் முழுவதும் கோரிக்கைகள் சீராக வந்தன என்ற ஊகம் இதில் அடங்கியிருக்கிறது என்றாலும், நடைமுறைக்கு இது போதும்.

மூன்றாவது முறை எனக்கு மிகவும் பிடித்தது. ஒவ்வொருவருக்கும் 60 டோக்கன் கொள்ளும் ஒரு பாத்திரம் கொடுத்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கோரிக்கைக்கு ஒரு டோக்கன் செலவு. பாத்திரத்தில் வினாடிக்கு ஒரு டோக்கன் வீதம் விழுந்துகொண்டே இருக்கும். நிரம்பிய பின் விழுவது வழிந்துவிடும். நீங்கள் ஒரு பக்கத்தைத் திறக்கிறீர்கள். ஒரே மூச்சில் 40 டோக்கன் செலவாகிறது, மீதி 20. அரை நிமிடம் அப்பக்கத்தைப் படிக்கிறீர்கள். 30 சேர்ந்து 50 ஆகிறது. அடுத்த பக்கத்துக்குத் தடையில்லை. வினாடிக்கு 50 கோரிக்கை விடும் நிரலுக்கு என்ன ஆகும்? வினாடிக்கு 49 வீதம் குறைந்து, ஒன்றேகால் வினாடிக்குள் பாத்திரம் காலி. அதன் பிறகு வினாடிக்கு ஒன்றுதான். மனிதன் விட்டுவிட்டுக் கேட்கிறான். இயந்திரம் விடாமல் கேட்கிறது. இந்த இயல்பு வேறுபாட்டை இம்முறை நன்கு பயன்படுத்திக்கொள்கிறது. பாத்திர உவமை புதியதன்று. தொலைத்தொடர்பில் இதன் உறவான 'ஒழுகும் வாளி' முறையை அமெரிக்கப் பேராசிரியர் ஜொனாதன் டர்னர் 1986-இலேயே எழுதியிருக்கிறார்.

யாரை எண்ணுவது?

கணக்கு இவ்வளவு எளிதென்றால் தொல்லை எங்கே? 'ஆள்வாரியாக' என்று சொன்னோமே, அந்தச் சொல்லில்தான். தடுப்புச் சுவருக்கு ஆளைத் தெரியாது. அது பெரும்பாலும் பார்ப்பது ஐ.பி. முகவரி என்னும் எண்ணைத்தான். பழைய முறைப்படி உலகத்துக்கே மொத்தம் சுமார் 429 கோடி முகவரிகள்தாம். இந்திய மக்கள் தொகை மட்டும் 140 கோடிக்கு மேல். எனவே செல்பேசி நிறுவனங்கள் பல வாடிக்கையாளர்களை ஒரே வெளி முகவரிக்குப் பின்னால் நிறுத்திவைக்கின்றன. கல்லூரி விடுதிகளிலும் இதே நிலைதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். தேர்வு முடிவு வெளியாகும் நாள். திருச்சியில் ஒரு விடுதி, 600 மாணவர்கள், வெளி முகவரி ஒன்று. பக்கம் ஒன்றுக்கு 40 கோரிக்கை. முடிவைக் காட்டும் தளத்தில் 'ஒரு முகவரிக்கு 5 நிமிடத்தில் 2,000' என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். (அமேசான் நிறுவனத்தின் தடுப்புச் சுவரில் நாம் வேறு சொல்லாவிட்டால் கால அளவு 5 நிமிடம்தான்.) 600 பேரும் ஒரே நேரத்தில் திறந்தால் 24,000 கோரிக்கைகள். ஐம்பது பேர் பார்த்ததும் கதவு சாத்தப்படும். மற்ற 550 பேரும் செய்த குற்றம் ஒரே கூரையின் கீழ் இருந்ததுதான்! கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 2025-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, இப்படிப் பலர் பகிரும் முகவரிகள் மற்ற முகவரிகளைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாக வேக வரம்பில் சிக்குகின்றன என்று காட்டியது. அவற்றில் தானியங்கி நிரல்கள் அதிகம் என்பது காரணமன்று.

மறுபுறத்தையும் பார்க்க வேண்டும். முகவரியை எண்ணுவது நல்லவரைத் தடுப்பதோடு நிற்கவில்லை. தீயவரைத் தடுக்கவும் தவறுகிறது. இதை உலகுக்கு நிரூபித்தவர் ஒரு தமிழர்.

சென்னையைச் சேர்ந்த பாதுகாப்பு ஆய்வாளர் லட்சுமண் முத்தையா 2019-இல் இன்ஸ்டாகிராமின் கடவுச்சொல் மீட்பு முறையை ஆராய்ந்தார். கடவுச்சொல்லை மறந்தவருக்கு ஆறு இலக்க எண் ஒன்று அனுப்பப்படும். 10 நிமிடத்துக்குள் அதைத் திரும்ப இட வேண்டும். ஆறு இலக்கம் என்றால் மொத்தம் 10 இலட்சம் எண்கள்; அத்தனையையும் முயன்றால் ஒன்று நிச்சயம் பொருந்தும். வேக வரம்பு இருக்கத்தான் செய்தது. அவர் சுமார் 1,000 முயற்சிகளை அனுப்பியபோது 250 அளவில் மட்டுமே ஏற்கப்பட்டன, மற்றவை தள்ளப்பட்டன. ஆனால் வரம்பு முகவரியைப் பொறுத்தது என்பதைக் கண்டுகொண்டார். பல முகவரிகளிலிருந்து, ஒரே சமயத்தில் அனுப்பினால்? ஆயிரம் முகவரிகளிலிருந்து, தலைக்கு 200 வீதம், 2 இலட்சம் எண்களைத் தடையின்றி அனுப்பிக் காட்டினார். ஐந்தில் ஒரு பங்கு! 5,000 முகவரிகள் இருந்தால் 10 இலட்சமும் முடிந்துவிடும். வாடகைக் கணிப்பொறிகளில் இதற்குச் சுமார் 150 டாலர்தான் ஆகும் என்று கணக்கிட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்தார். குறை சரிசெய்யப்பட்டது, அவருக்கு 30,000 டாலர் பரிசும் கிடைத்தது.

அங்கே எண்ணியிருக்க வேண்டியது எதை? கேட்பவரின் முகவரியை அன்று. எந்தக் கணக்கைத் திறக்க முயல்கிறார்களோ அந்தக் கணக்கை. ஆயிரம் முகவரிகளிலிருந்து வந்தாலும் குறி ஒரே கணக்குத்தானே? 'ஒரு கணக்குக்கு 10 நிமிடத்தில் 5 முயற்சி' என்றிருந்தால், உலகத்துக் கணிப்பொறிகள் அனைத்தையும் திரட்டி வந்தாலும் அந்த எண் காலாவதியாவதற்குள் 10 இலட்சத்தில் ஐந்தைத்தான் முயல முடியும். இதிலும் ஒரு சங்கடம் இல்லாமல் இல்லை. உங்களைப் பிடிக்காத ஒருவர் வேண்டுமென்றே ஐந்து முறை தப்பான எண்ணை இட்டு, உங்கள் கணக்கையே பூட்டிவைக்கலாம். எனவே கணக்கு, முகவரி, கருவி ஆகியவற்றைச் சேர்த்தே எண்ணுவது வழக்கம்.

புதிய ஐ.பி. முறையில் (ஆறாம் பதிப்பு) நிலைமை தலைகீழ். அங்கே முகவரிகளுக்குப் பஞ்சமே இல்லை; ஒரு வீட்டு இணைப்புக்கே கோடி கோடியாக முகவரிகள் கிடைக்கும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு புது முகவரியைப் பயன்படுத்தினால் எந்த வரம்பும் சிக்காது. ஆதலால் முகவரியின் 128 பிட்டுகளில் முதல் 64-ஐ மட்டும் பார்த்து எண்ண வேண்டும். பல தளங்களில் இந்த ஒரு வரி அமைப்பை மறந்துவிடுகிறார்கள்.

இனித் தட்கலுக்கு வருவோம். இரயில்வே 2025-இல் தானியங்கித் தடுப்பு முறைகளை நிறுவி, ஐயத்துக்குரிய 2.5 கோடிப் பயனர் கணக்குகளை முடக்கியது. அத்துடன் எண்ணும் அலகையே மாற்றியது. முகவரியும் பயனர் பெயரும் மலிவானவை. ஒருவரே ஆயிரம் உண்டாக்கலாம். ஆகவே 2025 ஜூலை 1 முதல், ஆதாரால் உறுதி செய்யப்பட்ட கணக்குகளுக்கு மட்டுமே இணையத் தட்கல் என்று விதித்தது. ஜூலை 15 முதல் ஆதார் வழி வரும் ஒருமுறை எண்ணும் தேவையாயிற்று. முதல் அரைமணி நேரம் முகவர்களுக்கும் தடை. எண்ணப்படுவது இப்போது முகவரியன்று, ஆள். கணக்கியலாகப் பார்த்தால் இது சரியான தீர்வு. ஆனால் ஒரு பயணச்சீட்டுக்காக நாட்டின் அடையாள எண்ணையே காட்ட வேண்டியிருப்பது சிறிய விலையன்று என்பது என் கருத்து. எல்லாத் தளங்களும் இந்த வழியில் இறங்கத் தொடங்கினால் நன்றாயிராது.

வரம்பை வைக்கும்போது

உங்கள் கல்லூரித் தளத்துக்கோ, பணிபுரியும் அலுவலகத் தளத்துக்கோ நீங்களே வேக வரம்பு அமைக்க நேரலாம். முதல் நாளே தடுக்கத் தொடங்காதீர்கள். தடுக்காமல் எண்ண மட்டும் செய்யும் நிலை எல்லாத் தடுப்புச் சுவர்களிலும் பெரும்பாலும் உண்டு. அந்த நிலையில் சில நாட்கள் ஓடவிட வேண்டும். சாதாரண நாட்களோடு கூட்ட நாளும் அதில் அடங்க வேண்டும். ஆடி மாதத்து நீரைப் பார்க்காமல், சித்திரையில் அளந்து யாராவது மதகு கட்டுவார்களா? எந்த முகவரிகள் உச்சத்தில் நிற்கின்றன என்று பார்த்தால் அவற்றுள் பல விடுதிகளும் செல்பேசி நிறுவனங்களுமாக இருக்கக் காணலாம்.

தளம் முழுவதற்கும் ஒரே எண் வைப்பதும் தவறு. படங்களுக்குத் தாராளமான வரம்பு போதும். கடவுச்சொல் கேட்கும் பக்கத்துக்குக் கடுமையான வரம்பு வேண்டும். மீறியவரை உடனே வெளியேற்றாமல், மனிதர்தானா என்று சோதிக்கும் ஒரு சிறு புதிரைக் கொடுக்கலாம். இதுதான் நம் கொள்ளிடம்: தடுக்கவில்லை, திருப்பிவிடுகிறோம்.

சுவரின் கணக்கு நொடிசுத்தமானது என்றும் நம்ப வேண்டாம். பல இடங்களில் பரவி நின்று எண்ணிக் கூட்டுவதால் சில வினாடிகள் பின்தங்கியே அது விழிக்கும். பெருவெள்ளத்துக்கும் இது தனி மருந்தன்று. 2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பில் கொள்ளிடத்து மதகுகள் ஒன்பது உடைந்து விழுந்ததை இப்பகுதியினர் மறந்திருக்க மாட்டார்கள். 2023-இல் கூகுள் நிறுவனம் வினாடிக்கு 39.8 கோடிக் கோரிக்கைகள் கொண்ட ஒரு தாக்குதலைச் சந்தித்தது. அந்த அளவில் எண்ணுவதே ஒரு பெருஞ்சுமை. உலகெங்கும் பரவிய வலையமைப்பு அதைப் பகிர்ந்துகொண்டால்தான் தாங்கும்.

வரம்பை மீறியவருக்குச் சர்வர் தரும் விடை 429 என்னும் எண். 'அளவுக்கு மிஞ்சிய கோரிக்கைகள்' என்று பொருள். 2012-இல் முறைப்படி வகுக்கப்பட்டது. எத்தனை வினாடி கழித்து வரலாம் என்பதையும் அதனுடன் சொல்லி அனுப்ப இடமுண்டு. பல தளங்கள் இதைச் சொல்லாமல், ஆங்கிலத்தில் ஒரு பிழைச் செய்தியை மட்டும் காட்டுகின்றன. பதறிய மாணவர் மேலும் மேலும் அழுத்தி, தம் டோக்கன்களைத் தாமே தீர்த்துக்கொள்கிறார். '40 வினாடி பொறுங்கள்' என்று தமிழில் ஒரு வரி இருந்தால் அவர் பொறுத்திருப்பார்.

நீங்கள் நிரல் எழுதுபவரானால், 429 கிடைத்ததும் ஒரு வினாடி பொறுத்து முயலுங்கள். மீண்டும் கிடைத்தால் இரண்டு, பிறகு நான்கு, எட்டு என்று இரட்டித்துக்கொண்டே போங்கள். ஒவ்வொரு முறையும் அதனுடன் ஏதாவது ஒரு சிறு பின்னத்தைக் குருட்டாம்போக்கில் கூட்டிக்கொள்ளவும் வேண்டும். இல்லையேல் ஒரே நொடியில் திருப்பப்பட்ட ஆயிரம் செல்பேசிகளும் சரியாக ஒரே நொடியில் திரும்பி வந்து நிற்கும்.