மத்தானோ ஏரியின் செவ்விறால்

இறால் என்றதும் பெரும்பாலார்க்கு நினைவு வருவது களப்பும் கறிச்சட்டியுமே. ஆயினும், உண்பதற்கன்றிக் கண்டு மகிழ்வதற்கென்றே இறால் வளர்ப்போர் இன்று பல நாடுகளிலும் உளர். இவர்கள் வளர்ப்பவை களப்புகளிலே வலைவீசிப் பிடிக்கும் பெரிய இறால்கள் அல்ல. ஓடைகளிலும் ஏரிகளிலும் வாழும், ஓரங்குலமும் நிரம்பாத நன்னீர்ச் சிற்றிறால்கள். அவற்றுட் பேணுதற்கு அரியது என்று பெயர்பெற்ற ஓரினம் சுலவேசித் தீவின் செவ்விறால்.

இந்தோனேசியாவிலே, முன்னர் செலிபிஸ் எனப்பட்ட சுலவேசித் தீவில், மலைகளுக்கிடையே மத்தானோ என்னும் ஏரி உண்டு. நிலவோட்டின் பிளவினால் தோன்றிய இவ்வேரியின் ஆழம் ஏறத்தாழ 590 மீற்றர். தென்கிழக்கு ஆசியாவில் இதனினும் ஆழமான ஏரி பிறிதில்லை. இதன் வயது பத்து இலட்சம் ஆண்டுகளுக்கும் மேற்பட்டது என மதிப்பிடுவர். இத்துணை நெடுங்காலம் பிற நீர்நிலைகளினின்றும் பெரிதும் ஒதுங்கி நின்றமையால், அங்குள்ள நத்தை, மீன், இறால் ஆகியவற்றுட் பல, வேறெங்கும் காணப்படாத தனியினங்களாயின. தீவுக்குள் ஒரு தீவு என்று இதனைக் கூறினும் பொருந்தும்.

சுலவேசி ஏரிகளை முதலில் ஆராய்ந்தோருள் இருவர் இலங்கை வரலாற்றிலும் இடம்பெற்றவர்கள். சுவிற்சர்லாந்தின் பாசல் நகரத்தவரும் உறவினருமான போல் சரசின், பிரிற்ஸ் சரசின் என்போர், 1883 முதல் 1886 வரை இலங்கையிலே தங்கி, வேடர்களைப் பற்றியும் இங்குள்ள உயிரினங்களைப் பற்றியும் ஆய்ந்து நூல் வெளியிட்டவர்கள். அதன் பின்னரே அவர்கள் செலிபிசுக்குச் சென்று காடும் மலையும் கடந்து ஆங்குள்ள ஏரிகளை ஆராய்ந்தனர். அவர்கள் திரட்டிய இறால்கள் 1902 இல் விவரிக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று சரசின் பெயரையே தாங்கி நிற்கிறது. செவ்விறாலோ அறிவியலார் கண்ணுக்கு நெடுங்காலம் அகப்படவில்லை. கிறிஸ்ரீனா பொன் றின்ரெலன், யிசியொங் காய் என்னும் ஆய்வாளர் இருவர் 2009 இல் சுலவேசி ஏரிகளின் புதிய இறாலினங்கள் எட்டினை விவரித்தபோதே அதற்குக் கரிடினா டென்னர்லி என்ற பெயர் கிடைத்தது. அறிவியற் பெயர் கிடைக்கும் முன்னரே அது கடைகளில் விலைப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது. அறிஞனை விட வணிகன் விரைந்து நடப்பது புதிதன்று.

வணிகர் அதனைக் ‘கருதினால் இறால்’ என்றனர். கத்தோலிக்கக் கருதினால்மார் அணியும் அங்கியின் செந்நிறம் அதற்குண்டு. அச்செம்மேனியின் இருமருங்கிலும் வெண்புள்ளிகள் வரிசையாய் விளங்கும். முன்கால்கள் தூய வெண்மை. பாறையின் மேலமர்ந்து, அவ்வெண்கால்களால் ஓயாது எதையோ பொறுக்கி வாயிலிடும். நெல்மணி பொறுக்கும் சிட்டுக்குருவி கூட இத்துணை விரைவுடையதன்று.

இதனை வளர்க்க விரும்புவோர் முதலில் அறியவேண்டியது, வளர்க்கவேண்டியது இறாலை அன்று, நீரை என்பதாகும். மத்தானோ ஏரியின் நீர் வெதுவெதுப்பானது. சற்றே காரத்தன்மை உடையது. ஆயினும் அதிற் கரைந்துள்ள உப்புகள் மிகச் சிலவே. இங்கேதான் சிக்கல் இருக்கிறது. காரநீர் பெரும்பாலும் வன்னீராகவே இருப்பது வழக்கம். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கற் கிணற்று நீர் அத்தகையது; அதிற் கரைந்துள்ள சுண்ணாம்பு இவ்விறாலுக்கு மிகையாகும். மலைநாட்டு ஓடைநீர் மென்மையானது, எனினும் வேண்டிய காரம் அதிற் குறைவு. குழாய்நீரிலோ குளோரீன் உண்டு. ஆகவே, தூய்மையாகச் சேர்த்த மழைநீரையோ ஆர்.ஓ. இயந்திரத்தில் வடித்த நீரையோ கொண்டு, அதனுள் இவ்விறாலுக்கென விற்கப்படும் தாதுவுப்பினை அளந்து கலப்பதே ஏற்ற வழி. பி.எச். அளவு 7.5 க்கும் 8.5 க்கும் இடையே நிற்கவேண்டும். வெப்பநிலை 27 முதல் 29 பாகை வரை இருப்பது நன்று. கொழும்பு, மட்டக்களப்பு போன்ற தாழ்நிலங்களில் இவ்வெப்பம் இயற்கையாகவே கிடைக்கும். நுவரெலியாவிலே வளர்ப்பதாயின் நீரைச் சூடாக்கும் கருவி இன்றியமையாதது.

தொட்டியை நிரப்பிய அன்றே இறாலை விடுதல் அதனைக் கொல்லுதலுக்கு ஒப்பாகும். உயிர்களின் கழிவிலிருந்து அமோனியா தோன்றும், அது நஞ்சு. அதனை முதலில் நைத்திரைற்றாகவும் பின்னர் நைத்திரேற்றாகவும் மாற்றும் பற்றீரியாக்கள் கல்லிலும் வடிகட்டியிலும் குடியேறுதற்கு ஒரு மாதமேனும் வேண்டும். இச்சிற்றிறாலுக்கு இரண்டு மூன்று மாதம் பொறுத்தல் இன்னும் நன்று. ஏனெனில், அக்காலத்தில் விளக்கொளி பட்டுக் கற்களின் மேல் மெல்லிய வழுக்கற்படலம் ஒன்று படரும். கண்ணுக்கு அழுக்காகத் தோன்றும் அப்படலமே அதன் தலையாய உணவு. அதனைத் தேய்த்துக் கழுவித் தொட்டியைப் பளிங்குபோல் வைத்திருக்கும் துப்புரவாளர், தம் இறாலைப் பட்டினியில் மடிய விடுகின்றனர். வெளியுணவு இடுவதாயின் பொடித்த பாசியுணவு சிறு சிட்டிகை போதும். மிஞ்சியது அழுகி நீரைக் கெடுக்கும்.

வாங்கிவந்த இறாலை நீரிற் கொட்டிவிடுதலும் ஆகாது. அது வந்த நீரோடு சிறு பாத்திரத்திலிட்டு, மெல்லிய குழாய் வழியே தொட்டிநீரைச் சொட்டுச் சொட்டாய் இரண்டு மணிநேரம் விழவிட்டுப் பின்னரே உள்ளே சேர்க்கவேண்டும். மீன்களோடு சேர்த்து வளர்த்தல் வேண்டா. செம்பு இவ்வினத்திற்குக் கொடிய நஞ்சு. செப்புக் குடத்து நீரும், செம்பு கலந்த மீன் மருந்தும் தொட்டியை அணுகலாகா. நுளம்புச் சுருள், பூச்சி மருந்து ஆகியவற்றின் புகையும் தூவலும் அவ்வாறே. ஓரிரவு அறையில் அடித்த நுளம்பு மருந்து மறுநாட் காலையிலே தொட்டி முழுவதையும் பாழாக்கிவிடக்கூடும்.

சில வேளைகளில் தொட்டியின் அடியிலே அசைவற்ற இறாலொன்று வெளிறிக் கிடக்கக் கண்டு புதியவர் மனங்கலங்குவர். உற்றுநோக்கின் அது வெறும் ஓடு என்பது விளங்கும். உடல் வளர வளர இறால் தன் பழைய ஓட்டைக் கழற்றி எறிகிறது. புதிய ஓடு இறுகும் வரை அது மென்மையாயிருத்தலின், கல்லிடுக்கிலே பதுங்கியிருக்கும். கற்களை அடுக்கி இடுக்குகள் அமைப்பது அழகுக்காக மட்டுமன்று.

பெண் இறால் ஓடு கழற்றிய வேளையே இனச்சேர்க்கைக்குரிய காலம். அப்போது அது நீரிற் கலக்கும் ஒருவகைப் பொருளை உணர்ந்து, ஆண் இறால்கள் தொட்டியெங்கும் பரபரப்புடன் நீந்தித் திரியும். பின்னர் பெண் இறால் தன் வயிற்றடியில் முட்டைகளைத் தாங்கி, நீந்துகால்களால் இடையறாது விசிறி அவற்றிற்கு ஒட்சிசன் ஊட்டும். பிற இறால்களைப் போல ஆயிரக்கணக்கில் அன்று. பத்துப் பதினைந்து முட்டைகளே. ஆயினும் அவை உடலளவிற்குப் பெரியவை. மூன்று நான்கு வாரங்களில் அவற்றினின்று வெளிவருவன, தாயின் வடிவத்தையே கொண்ட மிகச் சிறு குஞ்சுகள். யப்பானியரான தகாசி அமனோ வளர்ப்பாரிடையே பரப்பிய அமனோ இறாலின் நுண்குஞ்சுகள் உப்பு கலந்த நீரின்றி வளரா. ஆதலின் அவற்றை வீட்டிலே பெருக்குதல் கடினம். செவ்விறாலுக்கு அத்தொல்லை இல்லை. வடிகட்டியின் வாய் குஞ்சுகளை உறிஞ்சிவிடாதபடி அதனைக் கடற்பஞ்சு போன்ற நுண்துளைப் பஞ்சால் மூடினாற் போதும். முதன்முதல் வளர்ப்போர் எளிதிற் பெருகும் செர்ரி இறாலிலே பழகி, ஓராண்டு கழித்துச் செவ்விறாலைத் தொடுதல் அறிவுடைமை.

இத்துணை உழைப்பும் ஒரு பொழுதுபோக்கிற்காகவோ என்று வினவலாம். அதற்கு விடை மத்தானோ ஏரியிலேயே உள்ளது. பிளவர்ஹோர்ன் என்றொரு மீன் உண்டு. அஃது இயற்கையில் தோன்றியதன்று. மத்திய அமெரிக்க மீன்களைக் கலந்து, நெற்றிப் புடைப்பின் அழகுக்காக மலேசியாவிலே 1990 களில் உருவாக்கப்பட்டது. யாரோ தம் தொட்டியிலிருந்து அதனை மத்தானோ ஏரியில் விட்டனர். ஏரியில் வாழ்ந்த நத்தைகளும் இறால்களும் அதற்கு இரையாயின. கரையிலுள்ள சொரோவாக்கோவின் நிக்கற் சுரங்கமும், விற்பனைக்காக இறால்களை அள்ளிச் சென்றோரும் ஏரிக்குத் தந்த சுமை வேறு. இன்று செவ்விறால், உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலிலே அழிவின் விளிம்பிலுள்ள இனமாக இடம்பெற்றுள்ளது. தொட்டி வளர்ப்போரின் கைவிட்ட மீனொன்று ஏரியைக் குலைக்க, தொட்டி வளர்ப்போரின் கண்ணாடிச் சுவர்களுக்குள்ளே அவ்விறால் தொடர்ந்து குஞ்சு பொரித்துக்கொண்டிருக்கிறது.

இதனாலேயே, வாங்குவோர் ஏரியிற் பிடித்ததை விலக்கி, வீட்டிலே பிறந்ததைக் கேட்டு வாங்குதல் வேண்டும். அது ஏரிக்கும் நலம். தொட்டிநீரிலேயே பிறந்தமையால் பிழைத்திருத்தலும் எளிது. குஞ்சுகள் பெருகினால் மற்றொரு வளர்ப்பாளருக்குப் பத்துப் பன்னிரண்டாகக் கொடுக்கலாம். ஒருவர் தொட்டி கெட்டாலும் பிறிதொன்றிலே இனம் நிலைக்கும். எக்காரணத்தாலும் குளத்திலோ வாய்க்காலிலோ விடலாகாது. கத்திமீனும், ‘டாங்க் கிளீனர்’ என்று விற்கப்படும் உறிஞ்சுவாய் மீனும் அவ்வாறு தொட்டியிலிருந்து வெளியேறி இலங்கையின் நீர்நிலைகளிற் பரவியவையே. தொட்டியினின்று மாற்றும் பழைய நீரையும் வாய்க்காலில் ஊற்றாது, வாழையின் அடியில் ஊற்றிவிடலாம்.