உதைத்த சுவரும் உளுத்த பலகையும்

நம் சங்கத்துக் குடும்பங்களில் சிலர் குதிரை வைத்திருக்கிறார்கள் என்று ஊரில் போய்ச் சொன்னால் நம்ப மாட்டார்கள். ஆனால் உண்மை. பாட்டும் பரதமும் போக, இங்கே அமெரிக்காவில் குதிரையேற்றம் பழகும் பிள்ளைகளும் நம்மிடையே இருக்கிறார்கள். முதலில் வாரம் ஒருமுறை பயிற்சி. பிறகு சொந்தக் குதிரை. அதன் பின்னாலேயே அதை ஏற்றிச் செல்ல ஒரு ட்ரெய்லர், பெரும்பாலும் யாரோ பயன்படுத்திய பழையது. சில மாதங்களில், "டாக்டர், குதிரை உள்ளே உதைத்து உதைத்துச் சுவரெல்லாம் பள்ளமாகிவிட்டது, என்ன செய்யலாம்?" என்ற கேள்வியும் வந்துவிடுகிறது. பலரும் கேட்டுவிட்டதால் எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நான் சித்தூரில் பிறந்து, திருப்பதி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்தவன். சித்தூர் 1911-இல் தனி மாவட்டம் ஆகும்வரை வட ஆர்க்காட்டைச் சேர்ந்திருந்த ஊர். அங்கே கடைத்தெருவில் ஒரு வாக்கியம் தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடியும். என் தாய்மாமா அங்கே லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தார். விலங்கைப் பற்றிக் கல்லூரியில் கற்றேன். அதை ஏற்றும் வண்டியைப் பற்றி மாமாவின் பட்டறையில் கற்றேன். அங்கே வந்தவை பெரும்பாலும் மாட்டு லாரிகள்தாம். ஆனால் குளம்பு, மூத்திரம், பயம் இம்மூன்றும் மாட்டுக்கும் குதிரைக்கும் பொது.

ஏன் உதைக்கிறது?

திருமலை பிரம்மோற்சவத்தில் எட்டாம் நாள் இரவு சுவாமி குதிரை வாகனத்தில் எழுந்தருள்வார். அந்தக் குதிரை யாரையும் உதைக்காது. வாகனத்துக்கு முன்னால் நடந்து வரும் குதிரைகள் உயிருள்ளவை. மேளத்துக்கும் கூட்டத்துக்கும் பழகி அமைதியாக நடக்கும். ஆனால் எவ்வளவு பழகிய குதிரையானாலும் ஆடும் தரை அதற்குப் புதிதுதான்.

சராசரிக் குதிரை 400 முதல் 500 கிலோ எடை இருக்கும். ஆபத்து என்றால் ஓடுவது அதன் இயல்பு. வண்டிக்குள் ஓட இடமில்லை. வண்டி திரும்பும்போதும் நிற்கும்போதும் நான்கு கால்களையும் அகட்டி வைத்துத்தான் அது தன்னைத் தாங்கிக்கொள்கிறது. அகட்ட இடமில்லாவிட்டால் பக்கச் சுவரில் காலை ஊன்றும். தரை வழுக்கினால் பதறிப்போய்க் குளம்பால் சுவரைப் பிறாண்டும். பக்கத்துக் குதிரை பிடிக்காவிட்டாலும், ஈ மொய்த்தாலும், வெயிலில் நிறுத்திய வண்டியில் வெந்தாலும் உதைக்கும். அதைக் குறும்பு என்று எண்ணி அதட்டுவதால் பயனில்லை.

தடத்தைப் படியுங்கள்

பலகை வாங்கக் கடைக்குப் போகும் முன் ட்ரெய்லருக்குள் சென்று அடிபட்ட இடங்களைப் பாருங்கள்.

பின்கதவிலும் பின்சுவரிலும் வட்டமான பள்ளங்கள் இருந்தால், அவை பின்னங்கால் உதைகள். பெரும்பாலும் வண்டி நிற்கும்போது விழுந்தவை.

பக்கச் சுவரின் அடியில் நீளமான கீறல்கள் இருந்தால், குதிரை சறுக்கித் தத்தளித்திருக்கிறது. இடம் குறுகல், அல்லது தரை வழுக்கல், அல்லது ஓட்டுபவர் வளைவில் வேகம்.

முன்பக்கத் தரையும் சுவரும் தேய்ந்திருந்தால், பொறுமையிழந்து முன்னங்காலால் தட்டியிருக்கிறது. விளிம்பில் பல் தடம் இருந்தால், வேலையில்லாமல் கடித்திருக்கிறது. முன்னால் ஒரு வலைப்பை வைக்கோல் கட்டினால் இரண்டுமே குறையும்.

கூரையில் பள்ளம் இருந்தால், தலை இடித்திருக்கிறது. அந்தக் குதிரைக்கு அந்த வண்டி உயரம் போதாது. எந்தப் பழுதுபார்ப்பும் அதைச் சரிசெய்யாது.

காரணத்தை நீக்காமல் சுவரை மட்டும் புதுப்பித்தால் அடுத்த பயணத்தில் அதே பள்ளம் திரும்ப விழும்.

தரைதான் முதலில்

எல்லோரும் கேட்பது சுவரைப் பற்றி. நான் முதலில் கேட்பது தரையைப் பற்றி.

ஒருமுறை மாமாவின் பட்டறைக்கு ஒரு லாரி வந்தது. புதுப் பெயிண்ட், பக்கவாட்டில் பூவேலை எல்லாம் பளபளத்தது. பலமனேர் பக்கத்திலிருந்து கறவை மாடு ஏற்றி வந்த வழியில் தளப்பலகை முறிந்து, ஒரு பசுவின் பின்னங்கால் கீழே இறங்கிவிட்டது. வண்டி ஓடிக்கொண்டிருந்தபோது. கடன் வாங்கி அந்தப் பசுவை வாங்கியவர் பட்டறை வாசலில் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். கல்லூரி விடுமுறையில் வந்திருந்த நான் காலைப் பார்த்தேன். எலும்பு நொறுங்கியிருந்தது, செய்வதற்கு ஒன்றுமில்லை. மாமா பெயிண்டைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "செவுத்துல அடிபட்டா காசு போவும்டா. தரை போச்சுன்னா உசுரு போவும்."

குதிரை ட்ரெய்லருக்கும் இது பொருந்தும். ஒரு குதிரை நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 முதல் 10 லிட்டர் மூத்திரம் பெய்யும். அதிலுள்ள யூரியா சிதைந்து அம்மோனியா ஆகிறது. ரப்பர் பாயின் அடியில் ஈரம் தங்கி மரத்தை மட்கச் செய்யும், இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். அலுமினியம் துருப்பிடிக்காது என்று நம்பி இருந்துவிடாதீர்கள். குதிரை மூத்திரம் காரத்தன்மை உடையது. அது அலுமினியத்தைச் சிறு சிறு குழியாக அரிக்கும். மேலே பாய் விரித்திருப்பதால் எதுவும் கண்ணுக்குத் தெரியாது.

ஆகவே ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் சாணத்தை வாரி, கழுவி, பாயைத் தூக்கி நிறுத்திக் காயவிடுங்கள். வருடத்துக்கு இரண்டு முறையாவது பாயை முழுவதும் வெளியே எடுத்து, திருப்புளியின் முனையால் ஒவ்வொரு பலகையையும் குத்திப் பாருங்கள். நல்ல மரம் முனையை உள்ளே விடாது. மெத்தென்று இறங்கினால் அந்தப் பலகை உளுத்தது. பிறகு வண்டிக்கு அடியில் படுத்துக் குறுக்குச் சட்டங்களைப் பாருங்கள். சுத்தியலால் தட்டும்போது நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். செதில் செதிலாக உதிர்ந்தால் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டியதுதான்.

உளுத்த பலகையின் மேல் பிளைவுட் போட்டு மூடுவது மிகப் பெரிய தவறு. கெட்ட பலகையைக் கழற்றி எறிந்துவிட்டு அதே கனமுள்ள உறுதியான மரத்தைப் போடுங்கள். இங்கே ஓக் மரமோ, மட்காதபடி பதப்படுத்திய பைன் மரமோ கிடைக்கும். இரண்டு பலகைக்கு நடுவே நீர் வடிய மெல்லிய சந்து விடுங்கள்.

சுவரைப் பழுதுபார்த்தல்

குதிரையையும் வைக்கோலையும் வெளியேற்றிவிட்டுத்தான் எந்த வேலையும். வெல்டிங் பொறி ஒன்று காய்ந்த வைக்கோலில் விழுந்தால் போதும். துத்தநாகம் பூசிய இரும்பை வெல்டு செய்யும்போது எழும் புகை நச்சு. அலுமினிய வெல்டிங் தனித் தொழில். இவற்றைத் தெரிந்தவரிடம் விடுங்கள்.

சிறு பள்ளத்தை நீங்களே எடுக்கலாம். ஒரு பக்கம் மரக்கட்டையை அணைத்துப் பிடித்து, மறுபக்கம் ரப்பர் சுத்தியலால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மெல்லத் தட்டுங்கள். முழுவதும் சமமாகாது, ஆக வேண்டியதும் இல்லை. கிழிசலும் கூர்முனையும் இல்லாமல் இருப்பதே முக்கியம். பெயர்ந்த ரிவெட்டுகளை மாற்றுங்கள். தகடு கிழிந்திருந்தால் மேலே மெல்லிய தகடு ஒட்டாதீர்கள். அடுத்த உதையில் அதன் விளிம்பே கத்தியாகும்.

பிறகு 18 மில்லிமீட்டர் பிளைவுட்டைக் குதிரையின் மார்பு உயரம் வரை அடித்து, அதன் மேல் கெட்டி ரப்பர் விரிப்பு பொருத்துங்கள். உதையின் வேகத்தை ரப்பர் வாங்கிக்கொள்ளும், சத்தமும் குறையும். தன் உதையின் சத்தத்துக்கே மிரண்டு மீண்டும் உதைக்கும் குதிரைகள் உண்டு. போல்ட்டின் உருண்டைத் தலை உள்ளே இருக்கட்டும், மரை வெளியே இருக்கட்டும். மாமாவின் பட்டறையில் இதை மாற்றிப் போட்ட பையனுக்கு அன்று டீ கிடையாது.

சட்டம் சொல்வதும் அதன் காரணமும்

இந்தியாவில் 1978-ஆம் ஆண்டின் விலங்குகள் போக்குவரத்து விதிகள் இவற்றில் பலவற்றை எழுதியே வைத்திருக்கின்றன. லாரியில் குதிரை ஏற்றினால் தரையில் வழுக்காத விரிப்பு வேண்டும். பக்கங்களுக்கு மெத்தை வேண்டும். குதிரைகளுக்கு நடுவே குறைந்தது 8 சென்டிமீட்டர் பருமனுள்ள மூங்கில் கட்ட வேண்டும். எதிரே வரும் வண்டிகளைக் கண்டு மிரளாதபடி தலை இடப்பக்கம் இருக்க வேண்டும். வேகம் மணிக்கு 35 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. மாடுகளுக்கு வேறு கணக்கு: ஒரு லாரியில் ஆறுக்கு மேல் கூடாது, முகம் என்ஜின் பக்கம் இருப்பது நல்லது, கூடவே ஓர் ஆள் போக வேண்டும். 2016 முதல் நிரந்தரத் தடுப்புகளும் கட்டாயம். பசுவுக்கு 2 சதுர மீட்டர், குதிரைக்கு 2.25 சதுர மீட்டர் இடம் தர வேண்டும்.

இங்கே விதிகள் வேறு. காரணங்கள் மாறுவதில்லை. ஊரில் வண்டிகள் சாலையின் இடப்பக்கம் போவதால் எதிர்வண்டி வலப்பக்கம் வரும். தலையை இடப்பக்கம் திருப்புகிறார்கள். இங்கே அதுவே தலைகீழ். அதுபோல, இரட்டை ட்ரெய்லரில் ஒரே குதிரையை ஏற்றினால் இங்கே இடப்பக்கம், அதாவது ஓட்டுநர் பக்கம், நிறுத்துவது வழக்கம். சாலை நடுவில் மேடாகவும் ஓரத்தில் சரிவாகவும் இருப்பதால் எடை மேட்டுப் பக்கம் இருப்பது நல்லது.

ஓட்டுபவர் கையில்

சித்தூரிலிருந்து பெங்களூர் போகும் வழியில் மொகிலி மலைச்சாலை இருக்கிறது. அதில் மாடு ஏற்றிப் போகும் நல்ல டிரைவரைப் பின்னால் நிற்கும் மாட்டை வைத்தே கண்டுகொள்ளலாம்; அது அசைபோட்டுக்கொண்டிருக்கும். நீங்கள் பழக ஓர் எளிய வழி உண்டு. காலி ட்ரெய்லரின் தரையில் ஒரு வாளியை வைத்து, விளிம்புக்கு நான்கு விரல் குறைய நீர் ஊற்றி, ஊரைச் சுற்றி வாருங்கள். தரை நனைந்திருந்தால் குதிரை ஏற்ற இன்னும் நாள் இருக்கிறது.

தலைக்கயிற்றை மிகக் குறுக்கிக் கட்டாதீர்கள். தலையைத் தாழ்த்த முடியாத குதிரைக்கு நீண்ட பயணத்தில் நுரையீரல் நோய் வரலாம். மூன்று நான்கு மணிக்கு ஒருமுறை நிறுத்தித் தண்ணீர் காட்டுங்கள். நிறுத்தும்போது நிழலில் நிறுத்துங்கள்.

குதிரை இல்லாதவர்களுக்கு

ஊரில் பெற்றோருக்கோ உறவினருக்கோ கறவை மாடு வாங்கப் பணம் அனுப்புபவர்கள் நம்மில் பலர். திருப்பதியில் கோதானம் செய்ய விரும்புபவர்களும் உண்டு. பசுவின் விலையைப் பேரம் பேசுகிறோம். லாரியைப் பற்றிக் கேட்பதில்லை. இனிக் கேளுங்கள். தளப்பலகையை யாராவது குத்திப் பார்த்தார்களா? தரையில் கயிற்றுப் பாயோ, மணலும் வைக்கோலுமோ இருக்கிறதா? எத்தனை மாடு ஏற்றுகிறார்கள்? புங்கனூர்க் குட்டை மாடு வாங்கினால் இன்னொன்றும் கேளுங்கள். அதன் உயரமே மூன்றடிக்குள்தான். பெரிய மாட்டுக்காகக் கட்டிய தடுப்புக் கட்டையின் அடியில் அது நழுவிவிடும். தாழ்வாக இன்னொரு கட்டை வேண்டும்.

லாரி வாடகையில் ஆயிரம் ரூபாய் கூடக் கேட்டால் கொடுத்துவிடச் சொல்லுங்கள். அந்த ஆயிரத்தை ஒரு பலகைக்குச் செலவிட்டாரா என்று மட்டும் வீட்டில் ஒருவரை அனுப்பி, கையில் ஒரு திருப்புளியோடு, பார்த்துவரச் சொல்லுங்கள்.