நிப்பிளில் கிரீஸ் ஏறவில்லையா? வண்டியை எடுக்காதீர்கள்

அம்பாங்கானிலிருந்து பாரோய் தாண்டிக் கோலா பிலா போகிறவர்களுக்குப் புக்கிட் புத்துஸ் வளைவுகளைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தச் சாலையில் பழைய மோரிஸ் மைனரை ஞாயிற்றுக்கிழமை துடைத்து எடுத்து ஓட்டுகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எஸ்டேட்டில் கிராணியாக இருந்த என் பெரியப்பாவிடமும் ஒரு மோரிஸ் இருந்தது. ஒருநாள் கோயில் வாசலில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துப் பின்னால் எடுத்தார். ‘டக்’கென்று ஒரு சத்தம். முன்சக்கரம் மட்கார்டுக்குள் மடங்கி, முன்னங்கால் மடித்த மாடு போல வண்டி ஒரு பக்கம் படுத்துவிட்டது. நடை வேகம்தான் என்பதால் யாருக்கும் அடியில்லை. இதுவே மலை இறக்கத்தில் நடந்திருந்தால் என்ற நினைப்பு இன்னும் என்னை விடவில்லை.

மோரிஸ் மைனர் 1948இல் வந்த வண்டி. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். முன்சக்கரத்தைத் தாங்கும் சுவிவல் பின்னின் அடிப்பகுதி மரை போட்டு, ட்ரன்னியன் என்ற கட்டைக்குள் இறங்கியிருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரைதான் சுழலும். முன்பக்கச் சுமையும் அதன் வழியாகத்தான் இறங்கும். கிரீஸ் போகாவிட்டால் மரை தேயும், துருவேறி இறுகும், கடைசியில் பின் கட்டையை விட்டுக் கழன்று வந்துவிடும். அன்று கழற்றிய பின்னைக் கையில் வாங்கிப் பார்த்தேன். மரை இருந்த இடம் விரலுக்கு வழுவழுவென்று இருந்தது. கட்டைக்குள் செம்மண்ணும் காய்ந்த கிரீஸும் கல்லாய் அடைத்திருந்தன. வண்டியின் மேல் பூசிய பெயின்ட் மட்டும் கண்ணாடி போல மின்னியது.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது கிரீஸ் நிப்பிள். ஜாக்கி போட்டு, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரம் தரையை விட்டு எழும்பிய நிலையில் கிரீஸ் கன்னை அழுத்துங்கள். பழைய கிரீஸ் வெளியே பிதுங்கி வரவேண்டும். வராவிட்டால் அடைப்பு இருக்கிறது. நிப்பிளைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள் அல்லது மாற்றுங்கள். பிறகு சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் இன்னொருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். அப்போதும் ஆடினால் பேரிங்கைக் குறை சொல்ல முடியாது, ஆட்டம் சஸ்பென்ஷனில்தான். இந்த வண்டியில் முன் அப்சோர்பரின் கையே மேல் ஆர்மாகவும் வேலை செய்கிறது. அங்கே எண்ணெய் ஒழுகுவதையும் ஆட்டம் இருப்பதையும் சின்ன விஷயமாக விடாதீர்கள்.

இறுகிப்போன போல்ட்டைக் கழற்றப் பொறுமைதான் முதல் கருவி. துரு இளக்கும் எண்ணெயை அடித்து ஓர் இரவு ஊறவிடுங்கள். மறுநாளும் அசையாவிட்டால் பட்டறைக்குப் போங்கள். கேஸ் சுடரால் காய்ச்சுவது அனுபவமுள்ள போர்மேன் செய்யும் வேலை: பக்கத்தில் பிரேக் ஹோஸ் இருக்கும், ரப்பர் புஷ் இருக்கும். டார்ஷன் பாரில் சூடு பட்டால் அதன் உறுதியே போய்விடும். முறிந்த சுவிவல் பின்னை வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியை அங்கே விடாதீர்கள். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் ஒருபோதும் படுக்காதீர்கள்.

பட்டறைக்காரர் பணம் வாங்கிக்கொண்டு பாகத்தை மாற்றவே இல்லை, அல்லது மாற்றியும் மறுவாரமே ஆட்டம் திரும்பிவிட்டது என்றால், பலர் விதியென்று விட்டுவிடுகிறார்கள். விடத் தேவையில்லை. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, கூலிக்குச் செய்யும் வேலை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்யப்பட வேண்டும். வேலை தொடங்குமுன்னே எந்தப் பாகம், புதியதா பழையதா, விலை என்ன, கூலி என்ன என்று எழுத்தில் கேளுங்கள். கழற்றிய பாகத்தைத் திருப்பித் தரவேண்டும் என்பதையும் அதே தாளில் எழுதச் சொல்லுங்கள். வாய்ப்பேச்சில் வண்டியை விட்டால் பிறகு பில்லில் தகராறு வரும். கூலி பாக்கி என்று வண்டியைப் பிடித்து வைக்கவும் பட்டறைக்குச் சட்டத்தில் இடமுண்டு. அப்படி ஆனால், ஆட்சேபத்தை எழுதிக் கொடுத்துவிட்டுப் பணத்தைக் கட்டி வண்டியை எடுங்கள். பிறகு வழக்குக்குப் போங்கள்.

போக வேண்டிய இடம் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம். 50,000 ரிங்கிட் வரை அங்கே கேட்கலாம், கட்டணம் 5 ரிங்கிட், மூன்று ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். பொதுவாக வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே பேசலாம். தீர்ப்பு வந்து 14 நாளில் எதிர்த்தரப்பு பணிய வேண்டும், மீறினால் குற்றம். விவரத்தைச் சிரம்பானில் உள்ள உள்நாட்டு வாணிப அமைச்சின் மாநில அலுவலகத்தில் கேட்கலாம். தமிழில் பேசி ஆலோசனை வேண்டுமென்றால் பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தை அணுகலாம்.

நடுவர் மன்ற வழிக்கு எல்லைகளும் உண்டு. உடல் காயத்துக்கான இழப்பீட்டை நடுவர் மன்றம் விசாரிக்காது, அதற்கு நீதிமன்றம்தான். வியாபாரி அல்லாத ஒருவரிடம் விலைக்கு வாங்கிய வண்டிக்கும் இந்த வழி இல்லை. பெயர் மாற்றும்போது வாகனச் சோதனை நடக்கும். ஆனால் அன்று தேறிய வண்டியின் ட்ரன்னியனுக்குள் அடுத்த மழைக்காலத்தில் என்ன நடக்கிறது என்று யாரும் வந்து பார்க்கப்போவதில்லை. வண்டியை ஓடத்தக்க நிலையில் வைத்திருப்பது காப்புறுதி நிபந்தனைகளில் ஒன்று. தேய்ந்த பின்னோடு விபத்தானால் நிறுவனம் அதைக் கேள்வி கேட்கும். கிரீஸ் போட்ட தேதியையும் மைல் கணக்கையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். ரசீதுகளையும் கழற்றிய பழைய பின்னையும் ஒரே பையில் போட்டு, வீட்டில் ஒரு மூலையில் பத்திரப்படுத்துங்கள்.