ஆட்டுக்குக் குடற்புழு மருந்து கொடுத்தாச்சு, உங்களுக்கு?

பரங்கிப்பேட்டை, புவனகிரி பக்கம் ஆடு வளர்ப்பவர்களிடம் கடைசியாக எப்போது குடற்புழு நீக்கம் செய்தீர்கள் என்று கேட்டால், மாதத்தோடு பதில் வரும். நீங்கள் எப்போது மாத்திரை போட்டீர்கள் என்றால் சிரிப்பார்கள். "வயிற்றில் ஒரு தொந்தரவும் இல்லையே!" தொந்தரவு தெரியாமல் வைத்திருப்பதுதான் புழுவின் சாமர்த்தியம்.

கொக்கிப்புழு, ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்ற இரண்டும் வாய் வழியாக அல்லாமல், பெரும்பாலும் வெறுங்கால் தோலைத் துளைத்தே உள்ளே போகின்றன. திறந்தவெளியில் மலம் கழித்த இடத்தில், ஈரமும் நிழலும் உள்ள மணற்பாங்கான மண்ணில் இதன் இளம்புழுக்கள் காத்திருக்கும். நம் கடலோரச் சவுக்குத் தோப்பும் கடலைக் கொல்லையும் அதற்குத் தோதான இடங்கள்.

உள்ளே வந்த புழுவை எதிர்ப்பதில் டி செல் என்னும் வெள்ளை அணுவுக்கு முக்கியப் பங்கு உண்டு. இதில் பல பிரிவுகள் உண்டு. காசநோய்க் கிருமி போன்றவை வந்தால், முதல் பிரிவு டி செல்கள் கிருமியை விழுங்கும் அணுக்களை உசுப்பிவிடும். புழுவை விழுங்க முடியாது, அது பெரியது. அதனால் இரண்டாம் பிரிவு வேலை செய்யும்: குடலில் சளிப்படலம் அதிகம் சுரக்கும், குடல் அசைவு கூடும், இயோசினோபில் அணுக்கள் பெருகும். ரத்தப் பரிசோதனையில் "இயோசினோபில் அதிகம்" என்று வந்தால், டாக்டர் புழுவையும் சந்தேகிப்பது இதனால்தான்.

புழு நீண்டநாள் தங்கினால் மூன்றாவதாக ஒரு பிரிவு தலைதூக்குகிறது. சண்டையை அடக்கி வைக்கும் டி செல்கள் இவை. உடம்புக்கு இது தேவைதான், இல்லாவிட்டால் நம் திசுக்களே புண்ணாகும். ஆனால் அந்த அமைதியில் புழு ஆண்டுக்கணக்கில் குடியிருக்கும். கடலூர் மாவட்டத்தில் 1996-ல் யானைக்கால் நோய்க்கு வீடு வீடாக டி.இ.சி. மாத்திரை கொடுத்தது மூத்தவர்களுக்கு நினைவிருக்கலாம். கால் வீங்காதவர்களுக்கும் ஏன் கொடுத்தார்கள்? ரத்தத்தில் புழுவைச் சுமந்துகொண்டு, டி செல்கள் அடங்கிப்போய், அறிகுறியே இல்லாமல் நடமாடியவர்கள் பலர் இருந்தார்கள்.

இந்த அடக்கம் புழுவோடு நிற்பதில்லை. சென்னையிலுள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தினர் அமெரிக்க விஞ்ஞானிகளோடு சேர்ந்து காஞ்சிபுரம் மாவட்டக் கிராம மக்களிடம் ஆராய்ந்தார்கள். காசநோய்க் கிருமி உறங்குநிலையில் இருந்து, கூடவே ஸ்ட்ராங்கிலாய்டஸும் இருந்தவர்களுக்கு, காசநோயை எதிர்க்கும் டி செல்களின் வேகம் குறைந்திருந்தது. புழுவுக்கு மருந்து கொடுத்தபின் அது கூடியது. இதனால் புழு இருந்தால் காசநோய் வந்தே தீரும் என்று பொருளல்ல.

எனக்கு அதிகம் கவலை தருவது வேறொன்று. ஸ்ட்ராங்கிலாய்டஸ் நம் உடம்புக்குள்ளேயே மறுபடி மறுபடி பெருகும், பல பத்தாண்டுகள் இருக்கும். அதைக் கட்டுக்குள் வைத்திருப்பதில் டி செல்தான் முக்கியம். மூட்டுவலிக்கும் மூச்சிரைப்புக்கும் சீட்டில்லாமல் வாங்கிப் போடும் ஸ்டீராய்டு மாத்திரை அந்த டி செல்களை அடக்கிவிடும். அப்போது புழுக்கள் குடலைத் துளைத்து நுரையீரல், மூளை வரை பரவும், குடல் கிருமிகளையும் ரத்தத்துக்குள் இழுத்துப் போகும். உயிர் போகக்கூடிய நிலை அது. மண்ணில் வேலை செய்பவர் என்பதை, ஸ்டீராய்டு எழுதும் டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள்.

பள்ளியிலும் அங்கன்வாடியிலும் கொடுக்கும் அல்பெண்டசோல் 1 முதல் 19 வயது வரையிலான பிள்ளைகளுக்கு. தமிழ்நாட்டில் 20 முதல் 30 வயதுப் பெண்களுக்கும் உண்டு, கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் நீங்கலாக. வயலில் இறங்கும் நாற்பத்தைந்து வயதுக்காரர் இதில் வரமாட்டார். அவர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்க வேண்டும். சோர்வு, ரத்தசோகை இருந்தால் மலப் பரிசோதனையும் செய்துகொள்ளலாம். ஸ்ட்ராங்கிலாய்டஸுக்கு ஒரு வேளை அல்பெண்டசோல் போதாது, ஐவர்மெக்டின் தேவைப்படும். ஆட்டுக்கு வாங்கி வைத்த ஐவர்மெக்டினை மட்டும் தொடாதீர்கள். அதன் வீரியமும் அளவும் வேறு.

கொல்லையில் செருப்போ பூட்ஸோ போடுங்கள். கழிவறைத் தொட்டிக் கசடை நேராகக் கீரைப் பாத்தியில் விடாதீர்கள். அதிலுள்ள உருண்டைப்புழு முட்டைகள் மாதக்கணக்கில் மண்ணில் உயிரோடு கிடக்கும்.